இது என் கண் இல்லை

"ஹலோ… ஹலோ, ஸ்டூடியோதானே? சத்தியதாஸ் ஸார் இருக்காரா… நீங்களேதானா? நல்லதாப் போச்சு. நான் வலியசாலைலேர்ந்து பேசறேன். வக்கீல் பட்டாபி ஆத்துப் பொண்ணு, சூடாமணி… ஆமாம், ஆமாம், போன வாரம் அத்தையோட வந்து போட்டோ எடுத்துண்டேனே, அதே சூடாமணி… வந்துது. காலம்பற உங்க ஆள் கொண்டுவந்து குடுத்தான். அதைப் பத்தித்தான் பேசறேன்… இல்லே, நன்னா இல்லே… கவர் கசங்கலே ஸார். அட்டையும் மடங்கலே. என் மூக்குக் கண்ணாடி எங்கே?"

அப்பா கோர்ட்டுக்குக் கிளம்பிவிட்டால் அவருடைய மேஜை, நாற்காலி, டெலிபோன் மூன்றும் சூடாமணியின் ராஜ்யம். அது கட்சிக்காரர்களுக்காக வைத்த போன், பெண்கள் அரட்டைக்கு இல்லை என்று அத்தை லலிதாம்பாள் தினம் ஒரு தரமாவது சொல்லுவாள். சொல்லுவாளே தவிரப் பிடுங்க மாட்டாள். ஊரில் வழக்கு உள்ளவன் அத்தனை பேரும் எச்சில் தெறிக்கப் பேசிய சாதனம் அது. மடி ஆசாரம் பார்க்கிறவள் அதைத் தொடுவாளா? வாங்கி வைத்த நாளிலிருந்து அவள் விரல் அதன்மேல் பட்டதில்லை.

படம் மேஜைமேல் கிடந்தது. பின்னல் சூடாமணியுடையது. கைக்கடிகாரமும் அவளுடையதுதான், அதை மறைக்க அத்தை புடவைத் தலைப்பை இழுத்துவிட்டிருந்தாள். மூக்குக்கு மேலே மட்டும் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

"அத்தை எடுக்கச் சொன்னாளா… சொல்லுவா, அத்தை சொல்லுவா. படத்திலே இருக்கறது நான்தானே, என்னை ஒரு வார்த்தை கேக்கப்படாதோ?… போட்டோ பிளேட்டிலே கண்ணாடியைச் சுரண்டினேள். சரி. பென்சிலாலே தேச்சேள். சரி, சரி. பின்னே இந்தக் கண்ணு எங்கேர்ந்து வந்தது?… என் கண்ணு இவ்வளவு பெரிசு இல்லே ஸார். தினம் தலை வாரிக்கறேன், எனக்குத் தெரியாதோ… ஓ. வெளிச்சம் பட்டு கண்ணாடிக்குப் பின்னாலே கண்ணே விழலே. அதனாலே வரைஞ்சேள். எதைப் பாத்து வரைஞ்சேள்?… சொல்லுங்கோ, கோச்சுக்கலே… நாடகக்காரியா?"

சூடாமணிக்குச் சிரிப்பு வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டே கோபமும் வந்தது. மை தீட்டி, ராஜகுமாரனைப் பார்த்து மயங்குகிற கண் அது. அவள் ஜன்மத்தில் அப்படி ஒருத்தரையும் பார்த்ததில்லை.

"என்னைக் கொச்சம்மா, சின்ன எஜமானின்னு கூப்பிடறதெல்லாம் அப்புறம் வெச்சுக்கலாம். கேளுங்கோ. மத்தியானம் நாகேஸ்வரன் மாமா வரார். அவர்தான் இந்த வரனைக் கொண்டுவந்தவர். இந்தப் படத்தை வாங்கிண்டு நேரே பையன் ஆத்துக்குப் போயிடுவார்… கல்யாணராமன். ஹஜூர் கச்சேரிலே, சர்க்கார் ஆபீஸ்லே, குமஸ்தா… அவரைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலே. நல்லவராவே இருக்கட்டும். அவர் இந்தக் கண்ணைப் பாத்துப் பிடிச்சிருக்குன்னு சொன்னா, நான் ஆயுசு முழுக்க எங்கே போய் அதைத் தேடறது?… கழட்டி வெச்சாப் போறுமா? எனக்குக் கண்ணாடி இல்லேன்னா எதிர்க்க வரது மாமியாரா மாடான்னு தெரியாது ஸார்… சிரிக்காதேங்கோ. நெஜம்."

அவள் குரல் சற்று இறங்கியது.

"எங்க சித்தி பொண்ணு சுப்புலக்ஷ்மி இருக்கா. அவளுக்கும் இப்படித்தான், கண்ணாடியை மறைச்சுக் கல்யாணம் பண்ணினா. ரெண்டு குழந்தையும் ஆச்சு. இன்னும் புக்காத்திலே ஒருத்தருக்கும் தெரியாது. கண்ணாடியைப் பெருங்காய டப்பாக்குள்ளே வெச்சிருக்கா. பத்திரிகை படிக்கணும்னா கொல்லைக்கு எடுத்துண்டு ஓடறா. குழந்தை மூஞ்சியை நன்னாப் பாக்கணும்னாலும் கொல்லைக்குத்தான் தூக்கிண்டு போறா. போன தடவை வந்தப்போ அவ கண்ணாடி பூரா பெருங்காய வாசனை… எனக்கு அழுகை வந்துடுத்து. அவ அழலே. பழகிப்போச்சுங்கறா… எனக்குப் பழக வேண்டாம் ஸார். எனக்குப் பழகவே வேண்டாம்."

மறுமுனையில் சத்தியதாஸ் ஏதோ சமாதானம் சொன்னார் போலிருக்கிறது. சூடாமணி நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, ஆமையோட்டு நிறத்தில் இருந்த வட்டக் கண்ணாடியை விரலால் மேலே தள்ளினாள்.

"அசிங்கமாவா இருக்கு?… ம். நீங்களே சொல்றேள், நன்னா இருக்குன்னு. சாலைக் கம்போளத்திலே கடைக்காரனை உண்டு இல்லைன்னு பண்ணி, நானே தேடி எடுத்த பிரேம் இது. தங்கக் கம்பி வேண்டாம், மெல்லிசு வேண்டாம், மூஞ்சிலே கண்ணாடி இருக்குன்னு ஊருக்குத் தெரியணும்னு வாங்கினேன். இதைப் போட்டுண்ட அன்னிக்குக் கோட்டைக்குள்ளே கோவிலுக்குப் போனேனா, கோபுரத்திலே இருக்கற பொம்மைக்கெல்லாம் மூஞ்சி இருந்தது. அத்தனை வருஷம் நான் அதையெல்லாம் காரை பேந்த கல்லுன்னு நினைச்சுண்டிருந்தேன்… அதே, அதே. காலேஜிலே பாட்மிண்டன்லேயும் அப்படித்தான். முந்தியெல்லாம் பந்து மேலே விழுந்தப்புறம்தான் வந்துதுன்னு தெரியும். இப்போ என்கிட்ட ஒருத்தி ஜெயிக்கட்டுமே, பாக்கலாம்… என்ன, முடியாதா? பிளேட்டைச் சுரண்டியாச்சு, திரும்ப வராதா? அப்போ நானே அப்பா பேனாவை எடுத்து ரெண்டு வட்டம் போட்டுடறேன். நடுவிலே ஒரு வில். மசி நெறைய இருக்கு… வேண்டாமா? ஏன் வேண்டாம்? உங்க பேர் அச்சடிச்ச அட்டைதானே, நாலு பேர் பாத்துச் சந்தோஷப்படட்டும்… சரி, சரி, பதறாதேங்கோ. போடலே. அப்போ அந்த இன்னொரு பிளேட்…"

ஈரப் புடவை வாசற்படியில் வந்து நின்றது. அதற்குள்ளே அத்தை இருந்தாள். கையில் ஊறுகாய்க்கு நறுக்கிய எலுமிச்சங்காய்த் தட்டு. பார்வை டெலிபோன்மேல்.

"…அந்த இன்னொரு பாடம் இருக்கேடி சாவித்ரி, அது பத்திரமா இருக்கா?… நீதாண்டி சாவித்ரி, வேற யாரு. அத்தை இங்கேதான் நிக்கறா, உன்னை விசாரிக்கறா… பாடம்தான் அத்தை, காலேஜ் பாடம்… ஏண்டி பேச்சைக் காணும்? அன்னிக்கு அத்தை பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போனப்போ… உன்னை இல்லே அத்தை, அவ அத்தையைச் சொல்றேன்… ஆம்பளைக் குரலா? அவளுக்குத் தொண்டை கட்டிண்டிருக்கு. ஏண்டி, சுக்குக் கஷாயம் குடிச்சியோ?… குடி, குடி."

ஐம்பது வயதான சத்தியதாஸ் அந்த நேரத்தில் சாவித்ரியாக இருந்து என்ன பாடு பட்டாரோ. ஆனால் எந்தப் பாடம் என்று அவருக்கு விளங்கிவிட்டது. போன வாரம் படம் எடுத்து முடித்த கையோடு அத்தை பழவங்காடிப் பிள்ளையாரிடம் போன சமயம், சூடாமணி கதவோரம் சாத்தியிருந்த தன் பாட்மிண்டன் மட்டையை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு நின்றாள். "அப்படியே நில்லுங்க" என்றார் அவர். வெயில் வருகிற கூரை ஜன்னலின் திரையை இழுத்தார், தள்ளினார், மறுபடி இழுத்தார். கண்ணாடியில் ஒரு பொட்டு வெளிச்சம் அடிக்காமல், அதற்குப் பின்னால் இரண்டு கண்ணும் பளிச்சென்று தெரிகிறவரைக்கும் அவர் விடவில்லை. அதற்குக் காசும் கேட்கவில்லை.

"பத்திரமா இருக்கா? நெஜம்மாவா… பெரிசாப் போட்டு வெச்சிருக்கியா? யாருக்குடி?… யாருக்கும் இல்லே. சும்மாப் பாத்துண்டிருக்க. சட்டம்கூடப் போட்டாச்சா?"

கேட்ட கூலிக்குத் தன் கண்ணை அழித்த அதே மனுஷன், கேட்காமலே தன்னைச் சட்டம் போட்டு வைத்திருக்கிறார். மனசு நெகிழ்ந்தது. அதைக் கெடுக்கவென்றே அத்தை ஒரு வார்த்தை சொன்னாள்.

"ஏன் அத்தை, கழட்டி வைக்கணும்? நாகேஸ்வரன் மாமா வந்தா வரட்டும்… ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணணும்னு எனக்கும் தெரியும். அதிலே ஒண்ணு குறையட்டும். தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பதை நீ சொல்லிக்கோ, என் கண்ணை விட்டுடு… கழட்ட மாட்டேன். நீ கழட்டிப் பாரு. மடியோட என்னைத் தொடுவியோ?… இல்லே, இது சாவித்ரி இல்லே. சாவித்ரி இந்நேரம் தூங்கிண்டிருப்பா. சத்தியதாஸ் ஸார்தான் பேசறார்… ஹலோ, ஸார், இருக்கேளா? வெச்சுடாதேங்கோ. இனிமே நீங்க சாவித்ரி இல்லே. தாராளமாப் பேசலாம்."

தட்டிலிருந்து ஒரு எலுமிச்சந் துண்டு உருண்டு தரையில் விழுந்தது. அத்தை குனியவில்லை.

"ஸார், அன்னிக்கு அத்தையை ஒண்ணு கேட்டேளே. பொண்ணு படத்தை வாசல் ஷோகேஸ்லே வைக்கட்டுமான்னு… கேட்டேள், நன்னா ஞாபகம் இருக்கு. எங்க ஆத்துப் பொண்ணு படம் நடுச் சந்தியிலே தொங்கறதாவதுன்னு அத்தை உங்களைத் திட்டிட்டு, திரும்பி வர வழியெல்லாம் என்னைத் திட்டினா. இப்போ நான் சொல்றேன், வையுங்கோ… ஆமாம், மட்டையோட இருக்கறதை. கண்ணாடியோட இருக்கறதை… இன்னிக்கேதான். இப்பவே… அப்பாவா? அப்பா ஒண்ணும் கேஸ் போட மாட்டார். போட்டா நான் உங்க பக்கம் சாட்சிக்கு வரேன். கண்ணாடியைப் போட்டுண்டே கூண்டிலே ஏறறேன்… பயமா இருக்கா? எனக்கும்தான் இருக்கு."

மேஜைமேல் கிடந்த படத்தைக் கவிழ்த்து வைத்தாள். ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"எதுக்குன்னா, அந்தப் பையன் ரொம்ப பக்தியாம். எங்க அத்தைதான் சொன்னா. கச்சேரி விட்டதும் தினம் உங்க வாசலோடதான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போறாராம்… பின்னே? போகட்டும், பாக்கட்டும். சாயங்காலம் உங்க வாசல்லே என்னைப் பாக்கட்டும், ஆத்துக்குப் போய் நாடகக்காரியைப் பாக்கட்டும். எது வேணும்னு அவரே தீர்மானிக்கட்டும். என்னை வேணும்னா வரட்டும். வேண்டாம்னா சாரமில்லே, போகட்டும், பரீட்சை இருக்கு, மாட்ச் இருக்கு, எனக்கு வேலை இல்லாமலா போச்சு… நீ சும்மா இரு அத்தை. மானம் போறதுன்னா என் கண்ணை எடுத்துட்டு வேறொருத்தி கண்ணை ஒட்டினேளே, அப்பவே போயாச்சு… ஸார், அந்த வெளிச்சத்துக்கு அன்னிக்கு எவ்வளவு வேர்த்தேள். உள் ரூம்லே மாட்டி நீங்க ஒருத்தர் பாக்கறதுக்கா அவ்வளவும்?… ம்… ம்… சொல்லுங்கோ… ஹலோ? ஸார்?"

பதில் இல்லை. வைத்துவிட்டாரோ என்று நினைத்தாள். வைக்கவில்லை. ரிசீவரை மேஜைமேல் போட்டுவிட்டு எங்கேயோ போயிருக்கிறார். ஸ்டூலை இழுக்கிற சத்தம் கேட்டது. ஷோகேஸ் கதவு கிறீச்சென்றது. அப்புறம், டொக். டொக். டொக்.

சூடாமணி ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து அத்தை பக்கம் நீட்டினாள். அறை அமைதியில் அந்தச் சத்தம் வாசற்படிவரைக்கும் கேட்டது.

லலிதாம்பாள் தட்டைத் தரையில் வைத்தாள். ஈரப் புடவை சலசலக்க அறைக்குள் வந்தாள். ஊரார் எச்சில், கட்சிக்காரர் எச்சில் ஒன்றையும் பார்க்கவில்லை. வெறுங்கையால் டெலிபோனின் கொக்கியை ஓங்கி அழுத்தினாள். சத்தம் நின்றது.

சூடாமணி உயிரில்லாத ரிசீவரை மெதுவாக அதன் இடத்தில் வைத்தாள். நழுவின கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு அத்தையின் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

"ஆணி அடிச்சாச்சு, அத்தை. நீ போய்க் குளிச்சுட்டு வா."