பார்ப்பவர் ஒருவர்

விளக்கை அணைக்க வேண்டாம். எரியட்டும். இது இருட்டில் நடந்த கதை இல்லை.

மதியம் மூன்று மணி. ஞாயிற்றுக்கிழமை. ஊரைச் சுற்றிப் போகும் பெரிய சாலையிலிருந்து பிரிகிற ஒரு மண்பாதை. ஒதுங்க ஒரு மரம் கிடையாது. முன்னால் ஆள் இல்லை, பின்னால் வண்டி இல்லை. வெயில்... செருப்புக்கடியில் சரளைக்கல் நெரிபடும் சத்தம். அவ்வளவுதான். அந்தப் பாதையில் ஒருத்தி தனியாக நடந்து போய்க்கொண்டிருந்தாள். கையில் நாலாக மடித்த ஒரு துண்டுக் காகிதம்.

அவள் என் நண்பனின் தங்கை. அவன் சொல்லிக் கேட்டதைத்தான் சொல்கிறேன். எதற்கு அங்கே போனாள் என்று புரிய வேண்டுமானால், முதலில் அவள் பார்த்த வேலையைச் சொல்ல வேண்டும்.

நாமெல்லாம் போனில் படம் போடுகிறோம், வீடியோ போடுகிறோம், சண்டை போடுகிறோம். கண்றாவியாக எதையாவது பார்த்துவிட்டால் ஒரு புகாரைத் தட்டிவிட்டு அடுத்ததைத் தள்ளுகிறோம். அந்தப் புகார் காற்றிலா போகிறது? ஒரு கட்டிடத்தின் ஏழாவது மாடிக்குப் போகிறது. அங்கே நாற்பது பேர் காதில் ஹெட்போனோடு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாக ஸ்கிரீனில் வரும். பார்க்க வேண்டும், முடிவு சொல்ல வேண்டும். 'நீக்கு'. இல்லையென்றால் 'மீறல் இல்லை'. உடனே அடுத்தது. சுவரில் ஒரு பெரிய டிவி. யார் எத்தனை முடித்தார்கள் என்று அதில் ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்த டிவியில் முதல் இடம் எப்போதும் அவளுக்குத்தான். அடுத்தவர்கள் கண்ணைக் கசக்குவதற்குள் இவள் மூன்றை முடித்திருப்பாள். ஆபீசில் அவளுக்கு மின்னல் என்றே பெயர் ஆகிவிட்டது. வீட்டிலும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு அண்ணி எதிரே வந்து நின்றால், தலையைத் தூக்காமலே, "மீறல் இல்லை அண்ணி" என்பாள்.

"ஒரு நாளாவது நிமிந்து பாத்துச் சொல்லேன்டி" என்று அண்ணி சிரிப்பாள். இவளும் சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பெல்லாம் ஒரு செவ்வாய்க்கிழமையோடு போயிற்று.

மதியம் மணி மூன்று பத்து. வரிசையில் ஒரு லைவ் வீடியோ வந்தது. ஸ்கிரீன் முழுக்கக் கருப்பு. இப்படி நிறைய வரும். பாக்கெட்டுக்குள் தானாக அழுந்தி ஓடுகிற போன்கள். எந்திரமே அதையெல்லாம் பிடித்து வரிசைக்கு அனுப்பிவிடும். 'வெற்று வீடியோ' என்று மூடிவிட்டுப் போக வேண்டியதுதான். மூடக் கை போனது. ஆனால் ஹெட்போனில் ஏதோ...

டக்... டக்... டக்.

இரும்பை எதனாலோ தட்டுகிற சத்தம். நிதானமாக, இடைவெளி விட்டு. அதற்குப் பின்னால் ஒரு மூச்சு. ஓடி வந்தவனின் மூச்சு மாதிரி இல்லை. இருக்கிற காற்றைச் சிக்கனமாக இழுத்து விடுகிற மூச்சு. ஸ்கிரீனின் ஓரத்தில் சின்ன எழுத்தில், 'பார்ப்பவர் 1'. அந்த ஒன்று அவள்தான்.

பிறகு ஒரு ஆண் குரல். தொண்டை கட்டிப் போயிருந்தது.

"யாராவது பாக்குறீங்களா?"

குப்பென்று ஒரு வாசனை அடித்தது. தார். காய்ச்சிய தார். ஏசி ஓடுகிற ஏழாவது மாடியில்.

உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் அழுத்த ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அழுத்தினாள். 'இந்த லைவ் முடிந்துவிட்டது' என்று வந்தது. மறுபடி அழுத்தினாள். அதே பதில். காதில் மட்டும் டக்... டக்... டக்.

டீம் லீடரைக் கூப்பிட்டாள். நாற்பது வயதுக்காரி, அந்த மாடிக்கே அக்கா. குனிந்து, ஹெட்போனை வாங்கி ஒரு காதில் வைத்துப் பார்த்தாள்.

"ஒண்ணும் கேக்கலையே."

"நல்லாக் கேளுங்கக்கா. யாரோ தட்டுறாங்க."

"அமைதியா இருக்கு. கருப்பு ஸ்கிரீன்தானே, மூடு. மின்னலுக்கே கரண்ட் போச்சா?"

பக்கத்து சீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். இவள் மூடினாள்.

மறுநாள் அதே மூன்று பத்துக்கு அது திரும்பி வந்தது. அதற்கு மறுநாளும். நாற்பது பேரில் வேறு யாருக்கும் போகவில்லை. அதே கருப்பு, அதே தட்டல், அதே கேள்வி. குரல் மட்டும் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தது.

வெள்ளிக்கிழமை அவள் டீம் லீடரை விடவில்லை. "இதோட பழைய பதிவை ஒரு தடவை திறந்து காட்டுங்கக்கா. ஒரே ஒரு தடவை." விதிப்படி கூடாதுதான். ஆனால் அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு டீம் லீடர் திறந்தாள்.

இரண்டு பேரும் படித்தார்கள்.

அது இரண்டு வருடம் நாலு மாதத்துக்கு முந்திய லைவ். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று பத்து. அன்றே வரிசைக்கு வந்து, அன்றே மூடப்பட்டிருந்தது. காரணம், வெற்று வீடியோ. எடுத்துக்கொண்ட நேரம், ஆறு நொடி. மூடியவரின் எண்... அவளுடைய எண். அவள் வேலைக்குச் சேர்ந்து ஒன்பதாவது நாள் அது.

"அன்னிக்கு நான் சத்தமே வைக்கலக்கா" என்றாள். "கருப்பா வந்தா காதுல கேக்க வேண்டாம், நேரம் மிச்சம்னு நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்க."

பதிவின் அடியில் அந்த லைவ் கிளம்பிய இடம், மேப்பில் தட்டிப் பார்க்கிற எண்களாகப் போட்டிருந்தது. அந்த மாடிக்குப் போன் கொண்டுவரக் கூடாது, எதையும் எழுதி எடுத்துப் போகவும் கூடாது. இவள் கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தபோது, டீம் லீடர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

அந்தக் காகிதம்தான் ஞாயிற்றுக்கிழமை அவள் கையில் இருந்தது.

மண்பாதை ஒரு கட்டிடத்தில் போய் முடிந்தது. மூன்று மாடி எழுப்பி, அப்படியே போட்டுவிட்டுப் போன கட்டிடம். உச்சியில் கம்பிகள் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருந்தன. வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் வயதான ஒரு காவல்காரர்.

"யாரும்மா? இங்க ஈ காக்கா கூட வராதே."

என்ன சொல்வதென்று அவள் யோசித்து வரவில்லை. "இங்க... ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி யாருக்காவது ஏதாவது ஆச்சா ஐயா?"

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீ அவனுக்குச் சொந்தமா?"

இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அவரே கட்டிடத்துக்குப் பின்னால் வெட்டவெளிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். தரைக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி. மேலே ஒரு சதுர இரும்பு மூடி. தொட்டிக்குள் கசிவு வராமல் இருக்கத் தார் பூச ஒருவன் இறங்கியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை, ஆள் குறைவு. அவன் வேலையை முடித்து ஏறிப் போய்விட்டான் என்று நினைத்து, யாரோ மூடியைப் போட்டு மேலே சிமெண்ட் மூட்டைகளை அடுக்கிவிட்டார்கள். நாலு நாள் கழித்துத்தான் திறந்தார்கள்.

"கையில போன் இருந்துச்சும்மா. யாருக்கும் கால் போகல போல. லைவுங்கிறாங்களே, அது மட்டும் எப்படியோ கொஞ்ச நேரம் போயிருக்கு. ஊர்ல அத்தனை பேரும் பொழுதுக்கும் போனப் பாத்துக்கிட்டேதானே கெடக்குறாங்க... ஒருத்தர் கண்ணுலயும் படலையே."

அவள் மூடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவன் பொண்டாட்டி ஒரு நாள் வந்துச்சு. அழல. இந்த மூடிய ரெண்டு கையாலயும் தூக்கிப் பாத்துச்சு... எவ்வளவு கனம்னு. அப்புறம் போயிருச்சு."

அப்போது கேட்டது.

டக்... டக்... டக்.

காலுக்கு நேர் கீழே.

"ஐயா, கேக்குதா?"

"என்னது?"

"தட்டுறாங்க. தெறங்க. சீக்கிரம் தெறங்க!"

அவர் தயங்கினார். அதற்குள் அவள் மண்டியிட்டு, மூடியின் வளையத்தில் விரல்களைக் கோத்து இழுத்தாள். வெயிலில் இரும்பு கொதித்தது. ஒரு நகம் பெயர்ந்தது. மூடி அசையவில்லை. கீழே தட்டல் வேகமெடுத்தது. அவள் வேகத்தைப் பார்த்துப் பயந்துபோய் அவரும் வந்து பிடித்தார். இருவருமாகத் தூக்கி, மூடியை ஓரமாகத் தரையில் போட்டார்கள்.

தொட்டிக்குள் வெளிச்சம் சரிந்து விழுந்தது. காய்ந்து வெடித்த தரை. மூலையில் கொஞ்சம் குப்பை. ஒரு பூச்சி பொட்டு கூட இல்லை.

"பாத்துக்கிட்டியா? யாரும் இல்லம்மா. மனசப் போட்டுக் கொழப்பிக்காத."

அவள் குனிந்து உள்ளே பார்த்து, மெதுவாக, "தெறந்தாச்சு. வந்துருங்க" என்றாள். சொல்லிவிட்டு எழுந்தாள். நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கின மாதிரி இருந்தது அவளுக்கு. அரை நிமிடம் இருக்கும்.

டக்... டக்... டக்.

தொட்டிக்குள்ளிருந்து வரவில்லை. பக்கத்தில், கொளுத்துகிற வெயிலில், வெறும் தரையில் கிடந்ததே அந்த மூடி... அதற்கு அடியிலிருந்து வந்தது.

காவல்காரர் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு எதுவும் கேட்கவில்லை. மூடிக்கு அடியில் மண்தான் இருந்தது. இதற்கு மேல் அவள் எதைத் திறப்பாள்?

திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். மூன்று பத்துக்கு அது வந்தது. இந்தத் தடவை அவள் மூடவில்லை. ஸ்கிரீனுக்குக் கிட்டத்தில் குனிந்து, "நான் பாக்குறேன்" என்றாள்.

தட்டல் நின்றது. மூச்சு மட்டும் கேட்டது.

அடுத்ததுக்குப் போகலாம் என்று விரலை நகர்த்தினாள். டக். விரலை எடுத்தாள். அமைதி. ஷிப்ட் முடிய இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அந்த மூன்று மணி நேரமும் கருப்பு ஸ்கிரீனைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். கடைசியில் கணினியை அணைத்தே ஆக வேண்டும் அல்லவா... அணைத்தபோது காதில் வந்த சத்தத்தைப் பற்றி அண்ணனிடம் கூட அவள் விவரமாகச் சொல்லவில்லை. "கெஞ்சுனாங்கண்ணா" என்று மட்டும் சொன்னாள்.

தினமும் இதே கதை. சுவர் டிவியில் அவள் பெயர் சரசரவென்று இறங்கி அடிமட்டத்துக்குப் போனது. டீம் லீடர் இரண்டு வாரம் முட்டுக் கொடுத்துப் பார்த்தாள்.

"எத்தன நாளைக்குடி இப்படி? மேல கேக்குறாங்க."

"எனக்கு வேற என்ன செய்யத் தெரியும்க்கா? தெறந்தும் பாத்துட்டேன்."

மூன்றாவது வாரம் வேலை போயிற்று. அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. லிஃப்ட் வாசலில் மட்டும் டீம் லீடரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இனி அது வேற யாருக்காவது போகும். ஆறு நொடில மூடிருவாங்க. விட்றாதீங்கக்கா."

"நான் பாத்துக்கிறேன், நீ போ" என்றாள் டீம் லீடர். எதை, எப்படிப் பார்த்துக்கொள்வாள்? அவளுக்கே தெரியாது.

வீட்டில் அவள் யாருக்கும் தொல்லை கொடுக்கவில்லை. கொடுத்ததைச் சாப்பிட்டாள். டாக்டர் எழுதிய மாத்திரையைப் போட்டுக்கொண்டு தூங்கினாள். மதியம் மூன்று பத்து ஆனால் மட்டும், எங்கே இருந்தாலும் எழுந்து போய்த் தன் அறைக் கட்டிலில், சுவரைப் பார்த்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். தலையைச் சாய்த்து, எதையோ கேட்கப் பார்க்கிற மாதிரி. அண்ணி பக்கத்தில் போய் முதுகைத் தடவிக் கொடுப்பாள்.

"இங்க நாந்தான்டி இருக்கேன். வேற யாரும் இல்ல."

"தெரியும் அண்ணி. இங்கேருந்து ஒண்ணும் கேக்கல. என்ன ஆச்சுன்னே தெரியல" என்பாள்.

கட்டில் விரிப்பை அண்ணி முதல் வாரத்திலேயே மூன்று முறை துவைத்தாள். தார் வாசனை போகவில்லை.

வேலை போன பதினோராவது நாள், மதியம் மூன்று பத்துக்கு, அண்ணனின் போன் அடித்தது. அவன் அன்று வீட்டில்தான் இருந்தான். டீம் லீடர்தான், ஆபீஸ் மேஜை போனிலிருந்து.

"தம்பி... அது வந்திருக்கு தம்பி. எனக்கு வந்திருக்கு. இப்ப எனக்கே கேக்குது."

"தட்டுறாங்களா?"

"இல்ல. தட்டல. பேசுறாங்க... தொண்டை கட்டின ஒரு ஆம்பளைக் குரல், பக்கத்துல இருக்குற யார்கிட்டயோ பேசுற மாதிரி. ரொம்பப் பாசமாப் பேசுறாங்க தம்பி."

"என்ன பேசுறாங்க?"

டீம் லீடர் காதில் கேட்டதை ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"'கொஞ்சம் தள்ளி உக்காரும்மா... நானும் உக்காந்துக்கிறேன்'னு..."

போனைக் காதில் வைத்தபடியே அவன் திரும்பினான். தங்கையின் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. ஜன்னல் வழியே நல்ல வெயில். அறையில் வேறு யாரும் இல்லை. கட்டிலின் நடுவில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள், திரும்பாமல், கையை ஊன்றி, சற்றே தள்ளி உட்கார்ந்தாள்.

அவள் விட்ட இடத்தில் மெத்தை மெதுவாக அமுங்கியது.