வைவாவுக்கு யார் யார் வர்றது

ஹலோ... ஹலோ, அண்ணா... நான் கலை பேசுறேன். கேக்குதா?... மெஷின் சத்தம் ஜாஸ்தியா இருக்குது, கொஞ்சம் வெளிய வந்து பேசு... கன்டெய்னர் போவட்டும்ணா, நீ ரெண்டு நிமிசம் தள்ளி வந்தா உன் ஷூ கம்பெனி இடிஞ்சு வுழுந்துடாது. வா.

... ம், இப்போ கேக்குது. இப்பதான் குடியாத்தத்துல இருந்து போன் வந்துது. உன் பொண்ணு பாரதியோட மாமியாரா வரப் போறவங்க... ஆமா, கமலம்மா தான். நாளைக்கு என் வைவாவுக்கு குடும்பத்தோட வர்றாங்களாம்... ஆமா, ஆமா, நல்ல மனுசிதான், நான் இல்லன்னு சொல்லல. அப்புறம் இன்னா சொன்னாங்க தெரியுமா? 'உங்கம்மா உசுரோட இருந்து நீ டாக்டர் பட்டம் வாங்குறதைப் பார்க்கக் குடுத்து வைக்கலையேம்மா'ன்னாங்க.

... அவங்ககிட்ட இன்னாண்ணா சொல்லி வச்சிருக்க?

... நான் இன்னா சொல்றது? ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. நான் அழுவுறேன்னு நெனச்சு அவங்க சமாதானம் வேற பண்றாங்க. எங்கம்மா காட்பாடிக்கு அந்தாண்ட ஹோம்ல உக்காந்து சீரியல் பார்த்துனு இருக்குது, எனக்கு இவங்க துக்கம் விசாரிக்கிறாங்க.

... அம்மா போட்டோவா? மாலை போட்டா?... எந்த போட்டோ?... வோட்டர் ஐடில இருக்கறதைப் பெருசு பண்ணியா. அட பாவி மனுசா. நான் போன மாசம் உன் வீட்டுக்கு வந்தப்ப செவுத்துல ஒண்ணும் இல்லையே... ஓ. அவங்க வர்றப்ப மட்டும் மாட்டுவியா? அவங்க போனதும் கழட்டி பீரோ மேல வச்சிடுவியா? அண்ணி பொட்டு வச்சு வெளக்கு வேற ஏத்துனாங்களா?

... நான் கத்தல. ஹாஸ்டல்ல யாரும் இல்ல, லீவுல எல்லாரும் ஊருக்குப் போய்ட்டாங்க. கத்துனாலும் கேக்க ஆள் இல்ல.

... தெரியும்ணா. பொண்ணைப் பெத்தவன் கஷ்டம் எனக்குத் தெரியாதுன்னா சொல்றேன்? ஆனா நீ இன்னா சொல்லியிருக்கணும்? அம்மாக்கு ஒரு காலத்துல குஷ்டம் வந்துது... மெல்ல பேசுன்னா? நான் ரூமுக்குள்ள இருக்கேன், நீதான் ரோட்டுல நிக்கிற... வந்துது, மருந்து சாப்ட்டுது, நீ டென்த் படிக்கறப்பவே குணமாயிடுச்சு. வெரல் மட்டும்தான் மடங்கிப் போச்சு. குணமான பொம்பளைக்கு இந்த ஊர்ல ஒருத்தன் வீடு வாடகைக்குக் குடுக்கல, அதனால அங்கயே தங்கிடுச்சு. இதைச் சொல்றதுல இன்னா குத்தம்?

... ஆமா, கமலம்மா ஆஸ்பத்திரில நர்ஸா இருந்து ரிட்டையர் ஆனவங்க. அப்போ அவங்களுக்குத்தான நம்மள விட நல்லா தெரியும், அது இனிமே ஒட்டாதுன்னு?... எப்போ சொன்னாங்க?... பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கேவா? எதிர் வீட்டுக்காரன் பையனுக்கு இது வந்ததைப் பத்தியா?... 'ரத்தத்துல ஓடும்'னு அவங்க வாயாலயா? நர்ஸம்மாவா?... ம்... ம். அப்போ படிச்சது எல்லாம் டூட்டிக்குத்தான், வீட்டுக்கு இல்ல.

சரி, அவங்களை நாளைக்கு வரவேணாம்னு சொல்லிடு... ஏன் முடியாது? கார் பேசிட்டாங்கன்னா கேன்சல் பண்றது... மாப்பிள்ளை நவீன்குமார் லீவு போட்டுட்டாரா. அவரு அப்பா ஜம்புலிங்கம் எனக்கு சால்வை வாங்கி வச்சிருக்காரா. நல்லா இருக்குது. யாரு இவ்ளோ தூரம் ஏத்தி வுட்டது? நீதான? 'என் தங்கச்சி டாக்டர் ஆவுறா, டாக்டர் ஆவுறா'ன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சது நீதான?

... வைவான்னா இன்னான்னு இப்போ கேளு. டாக்டர் பட்டத்துக்கு வாயால பதில் சொல்ற பரீட்சை, பொண்ணு பார்க்குற மாதிரிதாண்ணா. நாலு பேர் எதுர்ல உக்காந்துனு கேள்வி கேப்பாங்க, நம்ம தலையைக் குனிஞ்சினு பதில் சொல்லணும், பஜ்ஜி காபி நம்ம குடுக்கணும். யார் வேணா வந்து உக்காரலாம். அதனாலதான் அம்மாவைக் கூட்டினு வரலாம்னு வச்சிருந்தேன். ஜோசுவா சார்கிட்டயும் சொல்லிட்டேன், அவருதான் என் கைடு. முன் வரிசையில உக்கார வைம்மான்னாரு.

... இன்னா ஆராய்ச்சின்னு கேட்டாங்களா? நீ இன்னா சொன்ன?... ராஜா ராணி கதையா? ஐரோப்பா ராஜாங்க சண்டைன்னு சொல்லி வச்சிருக்கியா? தாங்காதுண்ணா. நாளைக்கு ஹால் வாசல்லயே பேனர் கட்டுவாங்க. 'மத்திய கால ஐரோப்பாவில் தொழுநோயாளர் இல்லங்களும் நகரச் சமூகமும்'. உங்க சம்பந்திக்குப் படிக்கத் தெரியும் இல்ல?

... மாத்தறதா? இது இன்னா கல்யாண பத்திரிகையா, ஸ்டிக்கர் ஒட்டி மாத்த? பைண்டிங் ஆயி, டெல்லில இருந்து வர்ற எக்ஸாமினர் படிச்சு ரிப்போர்ட்டும் அனுப்பிட்டாரு.

... வேற ஒண்ணும் கெடைக்கலையான்னா? கெடைச்சுது. வரி, வணிகம், சர்ச்சு, இன்னா வேணுமோ எல்லாம் கெடைச்சுது. நான் இதைத்தான் எடுத்தேன். ஏன்னு உனக்குத் தெரியாதா?... சரி, கேட்டுட்ட, சொல்றேன், கேளு. அந்தக் காலத்துல அங்க குஷ்டம் வந்தவனை கோயிலுக்குக் கூட்டினு போயி, செத்தவனுக்குப் பண்ற பூசையை அவனுக்கே பண்ணி, குழியில நிக்க வச்சு, கால் மேல மண்ணு போட்டு, 'இன்னையில இருந்து நீ உலகத்துக்குச் செத்தவன்'னு சொல்லி அனுப்புவாங்களாம். பழைய புஸ்தகம் எல்லாத்துலயும் இது இருக்கும். படிக்கிறவனும் அய்யோ பாவம், காட்டுமிராண்டிப் பசங்கன்னு படிச்சினு போய்டுவான்.

... இரு, முடிக்கல. நான் நானூறு பக்கம் எழுதி இன்னா சொல்லியிருக்கேன்னா, அது எழுதி வச்ச சடங்கு, நெசமா நடந்தது ரொம்பக் கம்மி. இல்லம் எல்லாம் காட்டுல இல்ல, ஊர் வாசல்கிட்டயே இருந்துது. போறவன் வர்றவன் ரொட்டி குடுத்தான். சாவுறப்ப அவங்களுக்குத் துணிமணி எழுதி வச்சான். புருசனுக்கு வந்தா பொண்டாட்டி கூடவே போயி இருந்தா. ஜனங்க நம்ம நெனச்ச அளவுக்குக் கல்நெஞ்சு இல்லன்னு சொல்லியிருக்கேன். லத்தீன் ஒரு எழுத்து தெரியாம, அகராதியை வச்சினு கண்ணு போற அளவுக்குப் படிச்சு சொல்லியிருக்கேன். உசுரோட இருக்கிறவங்களுக்கு யாரும் அவ்ளோ சுலபமா சாவு பூசை பண்ணலன்னு. நீ ஆம்பூர்ல உன் வீட்டு ஹால்ல அம்மா படத்துக்கு மாலை போட்டு மாட்டி வச்சிருக்க.

... அழுவாதண்ணா. கம்பெனி வாசல்ல நின்னுனு அழுவாத, பாக்குறவங்க இன்னா நெனப்பாங்க.

... தெரியும். மாசா மாசம் நீதான் போற. மீன் கொழம்பு எடுத்துனு போறது நீதான். நான் திட்டுறேன்னு நீ கெட்டவன் ஆவ மாட்ட... எனக்கு மட்டும் இன்னா இருக்குது சொல்லு? இந்தப் பட்டத்தை வச்சினு எனக்கு ஒரு வேலையும் வரப் போறதில்ல. நான் கெஸ்ட் லெக்சரரா இருக்கிற டிபார்ட்மெண்ட்டையே ஆள் சேரலன்னு மூடப் போறாங்க. ஐரோப்பா வரலாறு படிச்சவளுக்கு தோல் பதனிடுற ஊர்ல எவன் வேலை குடுப்பான்? நாளைக்கு ஒரு நாள், அம்மா அந்த ஹால்ல உக்காரணும். 'ஏம்மா இந்தத் தலைப்பை எடுத்த'ன்னு டெல்லிக்காரர் கேட்டா, 'இதோ இவங்களாலதான் சார்'னு கை காட்டணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அது முழுக்கை ரவிக்கை தச்சு வச்சினு உக்காந்திருக்குதுண்ணா.

... சரி. சரி, இப்படிப் பண்ணலாமா? அம்மா உசுரோடதான் இருக்காங்க, குடும்பத்துல ஒரு சண்டை, அதனால சொல்லலன்னு சொல்லிடு. கை ஏன் அப்படின்னு கேட்டா, டேனரில சுண்ணாம்புத் தொட்டில வேலை செஞ்சாங்க, வெந்து போச்சுன்னு சொல்லிடலாம். அங்க வேலை செஞ்சது நெசம்தான? பாதிப் பொய்தான்... கண்டுபுடிச்சிடுவாங்களா? பார்த்த உடனே?... ம். நர்ஸு. ஆமா. வெரலைப் பார்த்தாலே தெரியும். ஆமா.

... அப்போ பின்னாடி உக்கார வைக்கிறேன். கேளு, கேளு. கடைசி வரிசையில, தூணுக்கு அந்தாண்ட. முந்தானையால கையை மூடிக்கட்டும். நான் அம்மான்னு கூப்புட மாட்டேன். அந்தப் பக்கமே திரும்ப மாட்டேன், போதுமா? யாராவது கேட்டா ஹாஸ்டல்ல வேலை செய்யற அம்மான்னு சொல்லிக்கிறேன்... அண்ணா, இதுக்கும் மேல நான் எப்படிண்ணா எறங்கறது?

... போட்டோல மூஞ்சி பார்த்திருக்காங்களா. ஆமா. மறந்துட்டேன். நீதான் பெருசு பண்ணி மாட்டியிருக்கியே.

... இன்னா? அம்மாக்குத் தெரியுமா? இன்னா தெரியும்?... எப்போ போன?... நேத்தா? நேத்து போயி எல்லாத்தையும் சொல்லிட்டியா? போட்டோ, மாலை, எல்லாமேவா? உன்னை யாருண்ணா சொல்லச் சொன்னது?... இன்னா சொல்லுச்சு?... சிரிச்சுதா?... சிரிச்சுட்டு?... 'போட்டோல நல்லா இருக்கேனாடா'ன்னு கேட்டுதா.

... இருண்ணா. ஒரு நிமிசம் இரு. அம்மாதான் லைன்ல வருது. நீ வச்சிடு, நான் அது கூட பேசுறேன்... இல்ல, நான் ஒண்ணும் ஒளற மாட்டேன். வை.

அம்மா... சொல்லும்மா. சாப்ட்டியா?... ஏன் சாப்புடல?... ஜொரமா? எப்ப இருந்து?... காலைல பேசுறப்ப நல்லா தான இருந்த, ரவிக்கைக்கு ஊக்கு வைக்கலன்னு அந்த டெய்லரைத் திட்டினு இருந்த... ம்... ம். திடீர்னு வந்துடுச்சா. சிஸ்டர் வந்து பார்த்தாங்களா?... பார்க்க வேணாம்னு சொல்லிட்டியா.

... அப்போ நாளைக்கு வர முடியாது. ம்... பஸ்ஸு வேணாம்மா, நான் ஆட்டோல வந்து கூட்டினு... சரி. சரி, ஜொரத்தோட வர முடியாதுதான்.

... இல்ல, கோவம் இல்ல. சத்தியமா இல்ல... அண்ணன் பேசுச்சு. இப்பதான் பேசுச்சு... ஆமாம்மா, பாரதி வாழ்க்கை. ஆமா, நல்ல எடம்தான். சொந்தத் தறி வச்சிருக்காங்க, ஆமா... நீ அண்ணனைத் திட்டாதன்னு எனக்குச் சொல்லாத, நான் திட்டல.

... யாரு யாரு வர்றாங்களா? அண்ணன், அண்ணி, பாரதி. அப்புறம் அவங்க வீட்டுக்காரங்க... பேசுவாங்க. என்கூடவும் பேசுவாங்க, பேசாம எப்டி இருப்பாங்க... உன்னைப் பத்திக் கேட்டா அண்ணன் சொல்லிக்கும்மா. என்கிட்ட எதுக்குக் கேக்குறாங்க?... நானா?... நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், வாயை மூடினு இருந்துடுறேன்... வாயை மூடினு இருந்தா சந்தேகம் வருமா? இதை அண்ணன் சொல்லச் சொல்லுச்சா?... இல்ல, நீயாவே சொல்றியா.

அம்மா, அது மட்டும் கேக்காத. வேற எது வேணா சொல்லு. தலைப்பைக் கிழிச்சுப் போடுன்னு சொல்லு, போட்டுடுறேன். வைவாவே வேணாம்னு சொல்லு... என்னால அது வராதும்மா. வாயில வராது.

... அழுவாத. அம்மா... அம்மா, அழுவாத. ஜொரத்துல அழுவாத... சரி. சரி, சொல்றேன். நாளைக்கு சொல்றேன்... இப்பவா? உன்கிட்டயா?... எதுக்கும்மா?... நாளைக்கு வாய் கொழறக் கூடாதுன்னா. நீ இன்னா எனக்குப் பரீட்சையா வைக்கிற?

... யாரும் இல்ல. ரூம்ல தனியாத்தான் இருக்கேன்... கதவு சாத்தித்தான் இருக்குது.

... எங்கம்மா...

... இரும்மா, சொல்றேன், இரு... எங்கம்மா இல்லைங்க... கேக்கலையா?... சத்தமாவா?... எங்கம்மா இல்லைங்க. செத்துட்டாங்க... ரொம்ப நாள் ஆச்சுங்க, நான் சின்னப் பொண்ணா இருக்கறப்ப... ம். ஜொரத்துலங்க.

... ம். நல்லா சொன்னேனா.

... சரிம்மா. கஞ்சி வாங்கிக் குடிச்சிட்டுப் படு... அம்மா?... லைன்ல இருக்கியா?... ஹலோ... அம்மா...