பதினேழாம் செடி மல்லாட்ட

வெண்பா: ...அதான் புரியல பாரி. பதினேழாம் செடி இலையப் பார்த்தா ஜீன் உடைஞ்சிருக்குது. அதோட கடலை எண்ணெயப் பார்த்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்குது.

பாரி: மெஷினு தப்பா சொல்லுதோ என்னமோ.

வெண்பா: திரும்பத் திரும்ப ஓட்டியாச்சுடா. அந்த ஜீனுக்கு என்ன வேல? ஒலிக் அமிலத்த லினோலிக்கா மாத்துறது. அது கெட்டா மல்லாட்டையில ஒலிக் தேங்கி நிக்கணும். நிக்கல.

பாரி: அப்ப...

வெண்பா: அப்ப வேற ஏதோ ஜீன் அந்த வேலைய செய்யுது. யாருமே பார்க்காத ஜீன்! நாளைக்கு கைடு மேடம்கிட்ட சொல்லப்போறேன். என் பிஎச்டியே இதுலதான் நிக்குது. உன் பேரும் போடுவேன்.

பாரி: என் பேரு வேணாம்.

வெண்பா: ஏன்டா? வயல்ல புடுங்கிக் குடுத்தது நீதான?

பாரி: புடுங்கும்போதே அந்தப் பதினேழாம் செடி மொட்டையா இருந்துச்சு. இலையே இல்ல.

வெண்பா: ...வெயிலு.

பாரி: அன்னிக்கு மழ வெண்பா.

வெண்பா: அத வுடு. காய நல்லா காயவச்சுதான குடுத்த?

பாரி: வச்சேன்.

வெண்பா: மழையில எங்க வச்ச?

பாரி: மாமாவோட பீங்கான் பொம்ம கம்பெனில... சூளைக்குப் பக்கத்துல.

வெண்பா: சூளையிலயா!

பாரி: உள்ள இல்ல, பக்கத்துல. எங்க வூட்டு வடாமெல்லாம் மழைக்காலத்துல அங்கதான் காயும்.

வெண்பா: அப்புறம்?

பாரி: டீ குடிச்சிட்டு வரேன்... ஒரே வறுத்த கடல வாசன. பொம்மைக்குப் பெயின்ட் அடிக்கிற அக்காங்க எல்லாம் மென்னுக்கிட்டு நிக்கிறாங்க. தம்பி, உப்புதான் கொறையுதுங்கிறாங்க.

வெண்பா: அப்ப... நான் எண்ணெ எடுத்தது எத?

பாரி: மங்கலம்பேட்ட கடையில வாங்கினது. திட்டிடு வெண்பா.

வெண்பா: திட்ட எனக்கு மூஞ்சி இல்லடா. பதினேழ ஆடு மேஞ்சிடுச்சு. நான் இலை கிள்ளுனது பக்கத்துச் செடியில. ஜீன் உடைஞ்சது அதுலதான்... இன்னும் புடுங்கல. எந்திரி, வண்டிய எடு. ஆட்ட இன்னும் அங்கதான் கட்டியிருக்காங்க.