கிணற்றடிக்குப் போன குழாய்

எங்கள் வீட்டுக் குளியலறைத் தண்ணீர் அந்தக் காலத்திலிருந்தே வாசல் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது, இன்ஸ்பெக்டர் ஐயா. மழை வந்தால் தேங்கி நாறும். கோலம் போட உட்கார்ந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதைப் பின்பக்கம் திருப்ப நினைத்தது குற்றம் என்றால், பிள்ளைப்பாக்கத்தில் பாதிப் பேரை நீங்கள் உள்ளே வைக்க வேண்டியிருக்கும்.

தொண்ணூற்றொன்று தை மாதம் பாகம் பிரித்து நடுவில் மதில் எழுப்பினார்கள். மூத்த மருமகள் மரகதமாகிய எனக்கு முன்கட்டு, குளியலறை, கக்கூஸ். என் ஓரகத்தி ஜோதிக்குப் பின்கட்டும் கிணறும். பெரியவர்கள் நியாயமாகத்தான் செய்தார்கள். எனக்குக் கக்கூஸ், அவளுக்குக் கிணறு. இதில் யாருக்கு என்ன குறை?

தண்ணீருக்கு மட்டும் நான் குடத்தோடு அவள் பக்கம் போக வேண்டியிருந்தது. ஜோதி நல்ல பெண். இல்லையென்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஒருமுறை மட்டும், தெருப் பெண்கள் நாலு பேர் நிற்கும்போது, சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"அக்கா, கால கழுவிக்கினு வாங்கக்கா. கெணத்தடிய இப்பத்தான் கழுவி வுட்டேன்."

அவள் கல்யாணமாகி வருவதற்கு முன்பிருந்தே நான் கழுவிய கிணற்றடி அது. இருந்தாலும் கால் கழுவிக்கொண்டுதான் போனேன். ஆத்திரம் வந்தது, உங்களிடம் மறைக்கவில்லை. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளிலிருந்து தெருமுனை அடிபம்புக்குப் போனேன். ரோஷக்காரி என்று ஊரே மெச்சியது.

பிறகுதான் கொத்தனார் கன்னியப்பனைக் கூப்பிட்டு, குளியலறை, கக்கூஸ் இரண்டின் குழாயையும் பின்பக்கம் திருப்பி நடுமதிலோரம் குழி எடுக்கச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"இன்னாம்மா இது, மதிலுக்கு அந்தாண்ட கெணறு கீது. இவ்ளோ கிட்ட எடுக்கக் கூடாதும்மா. எடுத்தாலும் சுத்தி சிமெண்டு பூசிடணும்."

"பூச்சு வேணாம், மண்ணே குடிச்சிக்கும். வாஸ்துக்காரரு அந்த மூலைதான்னு சொல்லிட்டாரு."

வாஸ்துக்காரர் யாரும் வரவில்லை. ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால் எந்தக் கொத்தனாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

ஆடி மழை ஆரம்பித்ததும் ஜோதி மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள். அப்போது அவள் முழுகாமல் இருந்தாள்.

"அக்கா, தண்ணி ஒரு மாதிரி வாடை அடிக்குதுக்கா."

"பஞ்சாயத்துக்காரங்க வந்து பிளீச்சிங் பவுடர் போட்டிருப்பாங்கடி. வாடை அடிச்சா சுத்தமா கீதுன்னு அர்த்தம். வயித்துப்புள்ளைக்காரி, தைரியமா குடி."

பொய் சொல்லக் கூடாதல்லவா? அதனால் அவள் இல்லாத நேரம் பார்த்து ஒரு கைப்பிடி பவுடரைத் தூவினேன். கிணற்றுச் சுவரில்தான் தூவினேன். தண்ணீரில் போட்டால் அது வேலை செய்துவிடும்.

மஞ்சள் காமாலை என்றார்கள். கீழாநெல்லியை அரைத்து நான்தான் கொடுத்தேன், அவள் கிணற்றுத் தண்ணீரிலேயே கரைத்து. அவள் புருஷன் சுபாஷுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறைமலை நகர் கம்பெனியில் ஷிஃப்டு, ஓ.டி. என்று கிடப்பவன், வீட்டில் தண்ணீர் குடிக்க அவனுக்கு ஏது நேரம்?

ஆஸ்பத்திரியில் ஜோதி போனாள். வயிற்றில் இருந்ததும் போயிற்று. குழந்தையின்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அது இருந்த இடம் அப்படி.

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்ததும், குளிப்பாட்டுவதற்காகப் பெண்கள் கிணற்றில் குடத்தை இறக்கினார்கள். நான் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தத் தண்ணி வேணாம். அடிபம்புல புடிச்சிக்கினு வாங்க."

கூட்டத்தில் நின்ற கன்னியப்பன் என்னையே பார்த்தார். அவர் வந்து சொன்னதால்தான் நீங்கள் என்னைக் கூட்டிவந்தீர்கள். ஏன் தடுத்தாய், ஏன் தடுத்தாய் என்று காலையிலிருந்து அதையே கேட்கிறீர்கள்.

கக்கூஸ் தண்ணீர், ஐயா. நானே திருப்பிவிட்ட தண்ணீர். செத்தவளை அதில் குளிப்பாட்ட விட்டால் நான் மனுஷியா?