செவ்வாய்க்கிழமை ஆமென்

இல்ல, நீங்களே சொல்லுங்கண்ணே. ஒரு ஆமென் சொல்றதுக்கு யாராச்சும் கடல் தாண்டிப் போவாங்களா? ஒரே ஒரு ஆமென்! வாயத் தொறந்து மூடுற நேரம்கூட ஆகாது. அதுக்குப் பினாங்குத் தீவுல இருந்து இந்த ஃபெரி, பட்டர்வொர்த்துல இறங்கி பஸ்ஸு, பஸ்ஸு வராது, வந்தாலும் நான் கை காட்டுற எடத்துல நிக்காது, செபராங் ஜெயாவுல இறங்கி வெயில்ல கால் மணி நேரம் நடை... அறுபத்தெட்டு வயசுல இது எனக்குத் தேவையா? இப்படி உள்ள தள்ளி உக்காருங்க, அங்க வெயிலு மூஞ்சில அடிக்கும். பேரு என்ன சொன்னீங்க? ஹைதர். ஹைதர் அண்ணே. பட்டர்வொர்த்துல ஜவுளிக்கடை. நல்லது, நல்லது. நான் ஜீவரத்தினம். துறைமுகத்துல கிராணியா, கணக்கு எழுதுற வேலையில இருந்து ரிட்டையர் ஆனவன். இப்ப சர்ச்சுல மூப்பர். அதான் இந்தப் பாடு.

எங்க சர்ச்சுல ஒரு அட்டவணை போட்டிருக்காங்கண்ணே. செவுத்துலயும் ஒட்டியிருக்கு, வாட்ஸ்அப்புலயும் தினம் வருது. திங்கட்கிழமை இன்னாரு, புதன்கிழமை இன்னாரு. செவ்வாய்க்கிழமைக்கு நேரா என் பேரு. என்ன வேலைன்னா, செபராங் ஜெயாவுல சோமுன்னு ஒரு தம்பி. சாயங்காலமானா வீட்டுல உக்காந்து ஜெபம் பண்ணுவான். அவன் முடிக்கும்போது நாம பக்கத்துல உக்காந்து 'ஆமென்' சொல்லணும். அவ்வளவுதான் லா! மத்தவங்களுக்கென்ன, கெரேத்தா இருக்கு, சொந்தக் காரு, பாலத்துல பறந்து போயிடுறாங்க. நான் கெரேத்தாவ வித்து ரெண்டு வருஷம் ஆச்சு. பக்கத்து சீட்டுல உக்கார ஆளில்லாம வண்டி ஓட்டி என்ன செய்ய.

சிரிக்காதீங்கண்ணே. உங்கள்லயும் துஆ முடிஞ்சா ஆமீன் சொல்றீங்கல்ல? எல்லாரும் சேந்து சொல்லும்போது ரோட்டுல போற எனக்கே கேக்கும், நல்லாவும் இருக்கும். ஆனா ஒருத்தரப் புடிச்சு ஃபெரியில ஏத்தி, போய்ச் சொல்லிட்டு வான்னு அனுப்புறாங்களா? இல்லல்ல? அதச் சொல்றேன்.

எல்லாம் அந்தப் பெட்டி பண்ண வேலை. பெட்டின்னா பெட்டிகூட இல்ல, பிஸ்கட் டின்னு. மூடியில ஓட்ட போட்டு, 'கேள்விப் பெட்டி'ன்னு பேப்பர் ஒட்டி, சர்ச்சு வாசல்ல வச்சாங்க. விசுவாசம், ஜெபம், சீஷனா வாழுறது, எதப் பத்தி சந்தேகம் வந்தாலும் எழுதிப் போடலாம். பேரு போட வேணாம். ஞாயித்துக்கெழமை ஆராதனையில பாஸ்டர் எடுத்து வாசிச்சு பதில் சொல்லுவாரு. நல்ல யோசனைதானே? யாரு யோசனையா? அது யாரு யோசனையா இருந்தா என்னண்ணே, கமிட்டியில ஒருத்தர் சொன்னாரு. ...சரி, நான்தான் சொன்னேன். கமிட்டின்னா ஏதாச்சும் சொல்லணும்ல?

மொத ஞாயித்துக்கெழமை. பாஸ்டர் சின்ன வயசுக்காரரு, போன வருஷம்தான் வந்தாரு. எல்லாரும் பாக்க டின்னத் தூக்கிக் கவுத்தாரு. உள்ள இருந்து என்ன விழுந்துச்சு தெரியுமா? ஒரு மிட்டாய் பேப்பரு. ஒண்ணே ஒண்ணு. மனுசனுக்கு காதெல்லாம் செவந்து போச்சு. அப்ப பின்னாடி வரிசையில இருந்து சுகிர்தம் அக்கா, பெண்கள் ஐக்கியத் தலைவி, 'ஜீவரத்தினம் அண்ணே, நம்ம ஜனங்களுக்குச் சந்தேகமே இல்ல போல!' அப்படின்னு சபைக்கே கேக்குற மாதிரி. எனக்கு எங்கயாவது போயி ஒளிஞ்சுக்கலாம் போல இருந்துச்சு.

ஆனா அடுத்த வாரம் பாருங்க, நாலு சீட்டு! அதுக்கடுத்த வாரம் ஆறு! பதினோரு வாரம்ணே, ஒரு வாரம்கூட டின்னு காலியா இல்ல. நீல மையி, செவப்பு மையி, கோணக் கையெழுத்து, காலண்டர் தாளு. கேள்வியும் சும்மா சொல்லக்கூடாது, ஒண்ணொண்ணும் முத்து. 'நமக்கு என்ன வேணும்னு ஆண்டவருக்கு முன்னாடியே தெரியுமே, அப்புறம் எதுக்குக் கேக்கணும்?' நல்ல கேள்விதானே? பாஸ்டர் என்ன சொன்னாரு தெரியுமா? 'நீங்க பசியா வந்திருக்கீங்கன்னு உங்க சம்சாரத்துக்குத் தெரியும். அதுக்காக ஒரு வார்த்த பேசாம தட்டு முன்னாடி போய் உக்காருவீங்களா? ஜெபம் தகவல் சொல்றதுக்கு இல்ல, பேச்சு விட்டுப் போயிடாம இருக்கறதுக்கு'ன்னாரு. பாதி ஆம்பளைங்க அப்படியே பொண்டாட்டிய ஓரக்கண்ணால பாத்தாங்க.

இன்னொண்ணு, 'மாமாக் சாப்பாட்டுக் கடையில உக்காந்தாலும் கண்ண மூடி ஜெபம் பண்ணணுமா? ரொட்டி சானாய் ஆறிப் போகுது.' அதுக்கு, 'ரொட்டி ஆறாத அளவுக்குப் பண்ணுங்க. ஆனா தண்ணி லேட்டாச்சுன்னு கடைக்காரர்கிட்ட வள்ளுன்னு விழுந்துட்டு அப்புறம் கண்ண மூடாதீங்க'ன்னாரு. அப்புறம், 'பக்கத்து வீட்டுக்காரன் தினம் என் கேட்டு முன்னாடி கெரேத்தாவ நிறுத்துறான், எத்தன தடவ மன்னிக்கிறது?' 'எண்ணிக்கிட்டு இருக்கீங்கன்னா இன்னும் ஒரு தடவகூட மன்னிக்கல'ன்னாரு. எனக்குச் சுருக்குன்னு... இல்ல, கேட்டவருக்குச் சுருக்குன்னு இருந்திருக்கும்.

'நாப்பது வருஷமா சர்ச்சுக்கு வர்றேன், நான் சீஷனா, இல்ல வெறும் உறுப்பினரா?'ன்னு ஒரு கேள்வி. 'உறுப்பினரோட பேரு ரெஜிஸ்டர்ல இருக்கும். சீஷன் அவரு கூப்புடுற எடத்துக்குப் போவான், பிடிக்காத எடமா இருந்தாலும்'னு சொன்னாரு. சின்ன வயசுதான், ஆனா விஷயம் உள்ளவரு. ஜனங்க அந்தக் கேள்விநேரத்துக்காகவே சீக்கிரம் வர ஆரம்பிச்சுட்டாங்கண்ணே! நடு வரிசையில எடம் கிடைக்கல!

அப்புறம்தான் அந்த பன்னெண்டாவது வாரம்.

அன்னிக்கு ஒரு சீட்டு. சின்னதா. பாஸ்டர் வாசிக்க ஆரம்பிச்சு, நடுவுல நின்னு, மறுபடி மொதல்ல இருந்து வாசிச்சாரு. 'வீட்டுல தனியா ஜெபம் பண்றேன். முடிக்கும்போது ஆமென் சொல்ல ஆளில்ல. நானே சொல்லிக்கிறேன். கூட ஆமென் சொல்ல ஆளில்லாத ஜெபம் மேல போய்ச் சேருமா?' அவ்வளவுதான். பாஸ்டர் சீட்ட மடிச்சுச் சட்டப்பையில வச்சாரு. அப்புறம், 'கதவச் சாத்திட்டுத் தனியா பண்ற ஜெபத்தையும் அவரு கேக்குறாருன்னு நான் சொல்லிடலாம். அது உண்மைதான். ஆனா இத எழுதுனவர் அத மட்டும் கேக்கல. நீங்கல்லாம் எங்க இருந்தீங்கன்னு நம்மளக் கேக்குறாரு'ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டாரு. நாலஞ்சு பேரு அழுதாங்கண்ணே. சுகிர்தம் அக்காவே அழுதுச்சு.

அழுதுட்டு சும்மா இருந்துச்சா? ஆராதனை முடிஞ்சு டீ குடிக்கும்போதே துப்பு துலக்க ஆரம்பிச்சுருச்சு. எழுதுனது யாரு? வீட்டுல தனியா விசுவாசத்துல இருக்குற ஆளு. யாரு? சோமுதான்! ரெண்டு வருஷம் முன்னாடிதான் ஞானஸ்நானம் எடுத்தான். வீட்டுல மத்தவங்க எல்லாரும் கோயிலுக்குப் போறவங்க. வேற யாரு இருக்க முடியும்னு கேட்டுச்சு. ஏன், வேற யாருமே இருக்க முடியாதா? இந்தப் பினாங்குத் தீவு முழுக்கத் தனியா ஜெபம் பண்ற ஆளு வேற ஒருத்தன்கூட இல்லையா? ஒரு பேச்சுக்காவது இன்னொருத்தர் பேரச் சொல்லக்கூடாதா?

சாயங்காலமே அட்டவணை ரெடி. ஏழு நாளைக்கும் ஆளு, மொற இல்லாதவங்களும் கூடப் போயி உக்காந்துக்குறாங்க. அங்க சோமுவோட சம்சாரம் தெய்வானை இருக்கே, தங்கமான பொண்ணு. தான் வெள்ளிக்கிழமை விரதம் இருக்கும், ஆனா புருஷனோட ஆமென் கோஷ்டிக்கு உளுந்து வடையும் இஞ்சி டீயும். சுகிர்தம் அக்கா ஒரே மாசத்துல ரெண்டு கிலோ ஏறிடுச்சு. தினம் ஒரு ஃபோட்டோ வேற குரூப்புல! சோமு நடுவுல, சுத்தி நாலு பேரு, கையில வடை. நான் ஜார்ஜ் டவுன் வீட்டுல தனியா பிஸ்கட்ட டீயில முக்கிக்கிட்டு அந்த ஃபோட்டோவப் பாக்கணும்.

இதுல எனக்கு எது தாங்கலன்னா, பாஸ்டர் நேர்ல போயி, 'தம்பி, அத எழுதுனது நீங்கதானா?'ன்னு கேட்டிருக்காரு. அந்த சோமு, கண்ணுல தண்ணியோட, 'ஆமா பாஸ்டர்'னு சொல்லியிருக்கான்! பொய்ண்ணே! பச்சப் பொய்! ஆண்டவருடைய ஊழியக்காரர் மூஞ்சியப் பாத்து...

என்ன? பொய்யின்னு எனக்கு எப்படித் தெரியுமா?

...அது வந்து... தெரியும் லா. ஒரு மூப்பருக்குத் தெரியாதா. ...கையெழுத்து... இல்ல, கையெழுத்துன்னா...

சரி. உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, நீங்க எங்க சபை கிடையாது, இறங்குனா உங்க வழி வேற. அத எழுதுனது நான்தாண்ணே. அது மட்டும் இல்ல. ரொட்டி சானாய், கெரேத்தா, சீஷன், எல்லாமே நான்தான். பதினோரு வாரமும் நான்தான். சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டு மேசையில உக்காந்து எடது கையால எழுதுவேன். காலேஜு புள்ளைங்க எழுதுன மாதிரி இருக்கட்டும்னு ரெண்டு சீட்டுல கடைசியில 'லா' கூடப் போட்டேன். மறுபடியும் டின்னுல இருந்து மிட்டாய் பேப்பர் விழக்கூடாது, அவ்வளவுதான் எண்ணம்! அப்புறம் அந்த பன்னெண்டாவது சனிக்கிழமை யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன், ஒரு கேள்வியும் வரல. பேனாவப் புடிச்சிட்டே இருந்தேன். கை தானா எழுதிருச்சு. சோத்துக் கை. மறைக்கணும்னு நெனப்பே வரல.

என் சம்சாரம், புஷ்பம். போயி ரெண்டு வருஷம் ஆச்சு. நான் ஜெபம் ஆரம்பிச்சா நிறுத்தமாட்டேண்ணே. நாடு, நகரம், ராஜா, மந்திரி, துறைமுகத்துல கூட வேல பாத்தவங்க எல்லாரையும் ஒரு சுத்து சுத்திட்டுத்தான் வருவேன். அவளுக்கு அடுப்புல குழம்பு இருக்கும். நான் மூச்சு வாங்குற எடம் பாத்து, நடுவுலயே 'ஆமென்'னு போட்டுருவா! அடிச்ச மாதிரி! அதுக்கு முப்பத்தாறு வருஷம் அவகூட சண்ட போட்டிருக்கேன். இப்ப யாரும் நிறுத்துறதில்ல. நான் பாட்டுக்குப் பேசிட்டே போறேன். எங்க முடிக்கிறதுன்னே தெரியல. கடைசியில சன்னமா நானே சொல்லிக்கிறேன்... அது எனக்கே சரியா கேக்கறதில்ல.

சொல்லிடலாம்தான். பாஸ்டர்கிட்ட போயி சொல்லிடலாம். அப்புறம்? பதினோரு வாரமா சபையே கேட்டது ஒரே கெழவனோட கேள்வின்னு தெரிஞ்சா, அந்த மனுசன் மூஞ்சிய எங்க வச்சுப்பாரு? நான் மூப்பர்னு சொல்லி எப்படி முன்னாடி நிப்பேன்? சொல்லாம இருந்தா, அந்த சோமு என் ஆமென வாங்கி வச்சுக்கிட்டு...

என்ன கேக்குறீங்க? அவன் எதுக்கு ஆமான்னு சொன்னான்னா? அதான் சொல்றேனே, பொய் சொல்லி...

...இல்ல, இருங்க. வடைக்காகச் சொல்ற ஆளு இல்ல அவன். அது அவன் வீட்டு வடைதான! அவன் எங்க ஜெபம் பண்ணுவான்னு ஒருதடவ எங்கிட்ட சொல்லியிருக்கான். வேல விட்டு வந்து, ஃப்ளாட்டு கீழ கெரேத்தாவ நிறுத்திட்டு, உள்ளயே உக்காந்து பண்ணுவானாம். தெய்வானை ஒண்ணும் சொல்லாது, ஆனா மேல வீட்டுல பண்ணி முடிச்சா எல்லாரும் காதுல விழாத மாதிரி டிவியப் பாத்துக்கிட்டு இருப்பாங்களாம், அது ஒரு மாதிரி இருக்குமாம். நான் அப்ப 'நல்லது தம்பி, தொடர்ந்து பண்ணு'ன்னு சொல்லிட்டு டீ எடுக்கப் போயிட்டேன்.

அப்ப அவன் பொய் சொல்லலண்ணே. எழுதல, ஆனா அது அவன் கேள்வியும்தான். கேக்கத் தெரியாம ரெண்டு வருஷமா வண்டிக்குள்ள உக்காந்திருந்திருக்கான். நான் ஒரு மாசமா அவன் மேல பொறாமப்பட்டுக்கிட்டு... சீ, வெக்கமா இருக்குண்ணே. நெஜமா வெக்கமா இருக்கு.

அட, வந்துருச்சா அதுக்குள்ள? சரி, நீங்க இறங்குங்க. நான்... நானும் இறங்கணும், உள்ளயே உக்கார விடமாட்டாங்க. இறங்கி, சுத்தி வந்து மறுபடி ஏறணும். ஆமாண்ணே. இன்னிக்கு இந்தக் கரைக்கு மூணாவது தடவையா வர்றேன். பஸ்ஸு நிக்கிற எடம் வரைக்கும் போவேன், கால் திரும்பிடும். அந்தக் கேட்டுல நிக்கிற பொண்ணு, ஃபாத்தின்னு சட்டையில போட்டிருக்கு, 'பக்சிக், லாகி?'ன்னு கேக்குது. மறுபடியுமா பெரியப்பான்னு! என்ன பதில் சொல்ல அதுக்கு?

பாத்தீங்களா, ஃபோனு. சோமுதான். அஞ்சு மணிக்கு வர்றேன்னு சொன்னது, இப்ப ஆறாச்சு. அடிச்சு ஓயட்டும்... எடுக்கவா? எடுத்து என்னத்தண்ணே சொல்றது? வேணாம், கைய விடுங்க, நான் அப்புறமா... அய்யய்யோ, ஏன் பச்சைய அமுக்குனீங்க! அண்ணே! ஹைதர் அண்ணே, எங்க போறீங்க, நில்லுங்க!

...ஹலோ. ஆங், சோமு. இல்ல தம்பி, ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. ஃபெரி எறங்குற எடத்துலதான் நிக்கிறேன். ...யாரும் இல்ல, ஒருத்தரு கூட இருந்தாரு, போயிட்டாரு. வர்றேன், வர்றேன். ...பஸ்ஸு வேணாமா, நீ வண்டி எடுத்துட்டு வர்றியா? நல்லது. தம்பி... ஃப்ளாட்டுக்கு வந்த உடனே மேல போக வேணாம். வண்டியிலயே கொஞ்ச நேரம் உக்காரலாம். உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லி முடிச்ச அப்புறம் உனக்குக் கோவம் வரலன்னா, இன்னிக்கு ஒருநாள் நான் ஜெபம் பண்றேன். நீ எனக்கு ஆமென் சொல்றியா?