ஒன்பதாம் எண்ணுக்குக் கைதட்டாத தெற்கு கேலரி

மேடையில் வீற்றிருக்கும் நம் அணியின் மேலாளர் அவர்களே, பயிற்சியாளர் அவர்களே, பதினோரு ஆண்டுகள் நம் ஒன்பதாம் எண்ணுக்குப் பின்னால் நின்று கோல் காத்த நம் பழைய கோல்கீப்பர் அவர்களே, முன்வரிசையில் மகளின் கையைப் பிடித்தபடி அமர்ந்திருக்கும் என் தங்கையே, டயர் கடையிலிருந்து வேலை உடுப்போடு அப்படியே வந்திருக்கும் தோழர்களே, வாரம் தவறாமல் தொண்டை கிழியக் கத்தும் தெற்கு கேலரியின் என் சொந்தங்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

இதே கேலரிக்குக் கீழே இருக்கும் இந்த அறையில் நாம் எத்தனையோ முறை கூடியிருக்கிறோம். கொடிகளைச் சுருட்டி வைக்கும் அறை இது. வலைக்கும் ஈரப் புல்லுக்கும் உரிய வாசனை இன்றும் போகவில்லை. வெற்றிக்குப் பின் இங்கே ஆடியிருக்கிறோம். தோல்விக்குப் பின் இங்கே ஒருவரை ஒருவர் திட்டியிருக்கிறோம். இன்று ஒரு படத்துக்கு மாலை போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். அந்தப் படத்தை அச்சடித்தவன் நான். அச்சுக்கடைக்காரன் என்பதால் அந்த வேலை என்னிடம் வந்தது. முகத்தில் சிரிப்பு இருக்கும் படமாகப் பார்த்து எடுத்தேன். நான்கு நாட்கள் அந்தச் சிரிப்பு என் கடைக் கணினியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

நம் அணியின் முன்னாள் தலைவர், ஒன்பதாம் எண் சட்டைக்காரர், நம் எல்லோருக்கும் நிதானம் அண்ணன், மூன்று வாரங்களுக்கு முன் ஒரு காலையில் டயர் கடையின் ஷட்டரைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். நாற்பத்துமூன்று வயது. ஆட்டத்தில் எத்தனை பேர் இடித்தும் சாயாத மனிதர்.

அவருக்கு ஏன் நிதானம் என்று பெயர் வந்தது என்று தெரியாதவர் இங்கே உண்டா? ஒரு கோல் பின்தங்கி, மழை கொட்டி, கடிகாரத்தில் நான்கு நிமிடம் மிச்சம் இருக்கும்போது மற்ற பத்துப் பேரும் தலைதெறிக்க ஓடுவார்கள். இவர் மட்டும் இரண்டு உள்ளங்கைகளையும் தரையைப் பார்த்துத் தாழ்த்தி, "நிதானம், நிதானம்" என்பார். அந்த நான்கு நிமிடத்தில் இரண்டு கோல் போடுவார். நாம் பாட்டு கட்டினோம், பெயர் வைத்தோம், பெயரே ஆளாகிவிட்டது.

எனக்கும் அவருக்கும் முதல் அறிமுகம் எப்படி என்று சொல்கிறேன். கேலரியின் முன் கம்பி ஒருமுறை பெயர்ந்து விழுந்தது நினைவிருக்கிறதா? முப்பது பேர் ஒருவர் மேல் ஒருவராகக் கோட்டோரம் சரிந்தோம். பந்து அவர் காலில் இருந்தது. எதிரே கோல்கீப்பர் மட்டும்தான். அவர் பந்தை அப்படியே விட்டுவிட்டு எங்களை நோக்கி ஓடி வந்தார். என் மேல் கிடந்த இரண்டு பேரைத் தூக்கி நிறுத்தினார். புல்லில் உருண்டு கிடந்த என் மெகாபோனை எடுத்துத் துடைத்து என் கையில் கொடுத்தார். "நிதானம்ணே. முதல்ல மூச்சு விடுங்க. அப்புறம் கத்தலாம்" என்றார். அந்த ஆட்டம் டிராவில் முடிந்தது. வெளியே வரும்போது, "கோல் போட்டுட்டு வந்து தூக்கியிருக்கலாம்ல" என்று சொன்னவன் யார் தெரியுமா? அவர் தூக்கிவிட்ட நான்தான். சிரிக்காதீர்கள். உங்களில் பாதிப் பேர் ஆமாம் போட்டீர்கள்.

அந்த மெகாபோன் இதோ இந்த மேசை மேல் இருக்கிறது. நசுங்கின இடம் அன்று விழுந்தபோது நசுங்கியது.

இப்போது நம் பழக்கத்துக்கு வருகிறேன். பருவத்தின் கடைசி உள்ளூர் ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரர்கள் நடுக்கோட்டில் வரிசையாக நிற்பார்கள். நான் மெகாபோனில் ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிடுவேன். நீங்கள் கை தட்டுவீர்கள். மேலாளர் மேலே உட்கார்ந்து சின்ன நோட்டில் குறித்துக்கொள்வார். நாம் விடாமல் தட்டிய ஒருவரையும் இந்த அணி அனுப்பியதில்லை. இது எங்கும் எழுதி வைத்த விதி இல்லை. ஆனால் இங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த விதி.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அந்தக் கடைசி ஆட்டம் வந்தது. அவருக்கு முப்பத்துநான்கு வயது. அந்தப் பருவத்தில் பதினாறு கோல். அணியிலேயே அதிகம். அவருக்கு அடுத்து இருந்தவருக்கு ஏழு. இதில் யோசிக்க என்ன இருந்தது? ஆனால் நாம் யோசித்தோம். நாம் அறிவாளிகள் அல்லவா?

அந்த வாரம் முழுக்க என் அச்சுக்கடையில்தான் பேச்சு. "அடுத்த வருஷமும் இவரு ஓடுவாருன்னு என்ன நிச்சயம்" என்றார் தையல்காரர். "நல்லா ஆடும்போதே அனுப்பி வச்சாதான் அவருக்கும் மரியாதை, நமக்கும் மரியாதை" என்றார் கணக்கு டீச்சர். பக்கத்து ஊர் அணி கிழடுகளை வைத்துக்கொண்டு கீழ்ப் பிரிவுக்கு இறங்கிய கதையை ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னோம். இருபது வயசுப் புதுப் பையன் பெஞ்சில் காய்கிறான் என்று எல்லோரும் உருகினோம். நான் என்ன சொன்னேன்? "கிழவன் எத்தனை நாளைக்குத்தான் வழிய மறிச்சுக்கிட்டு நிப்பாரு" என்றேன். அப்போது எனக்கு நாற்பத்தொன்று. கேலரிப் படியை இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கித்தான் ஏறுவேன். நான் அவரைக் கிழவன் என்றேன்.

ஒரே ஒருவர்தான் எதிர்த்தார். மெகாபோனுக்கு பேட்டரி மாற்றி, கேலரி விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் நம் எலக்ட்ரீஷியன். கரண்ட் என்று நாம் கூப்பிடும் அதே மனிதர். "எரியுற பல்ப யாராச்சும் கழட்டுவாங்களா?" என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் சிரித்து அவர் வாயை அடைத்தோம்.

கத்தி அவமானப்படுத்தக் கூடாது என்று நாங்களே ஒரு முடிவுக்கு வந்தோம். ஒன்பது என்று கூப்பிட்டதும் எல்லோரும் எழுந்து நிற்பது. கை தட்டாமல், சத்தம் போடாமல், மரியாதையாக நிற்பது. அவருக்குப் புரியும், மேலாளருக்கும் புரியும். எவ்வளவு நாகரிகமானவர்கள் நாம் என்று நமக்கு நாமே முதுகில் தட்டிக்கொண்டோம்.

அப்படியே செய்தோம். நான் ஒன்பது என்றேன். இடது கையைத் தூக்கி, மூடிக் காட்டினேன். நாலாயிரம் பேர் எழுந்து நின்றோம். கொடித் துணி காற்றில் அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

என் பக்கத்திலிருந்து ஒருவர் மட்டும் தட்டினார். பத்துப் பதினைந்து தட்டு இருக்கும். நான் திரும்பி முறைத்தேன். நிறுத்தவில்லை. நடுக்கோட்டில் நின்றவர் அந்தச் சத்தம் வந்த பக்கம் பார்த்துக் கையை உயர்த்தினார். அதன் பிறகு நான் பத்து என்றேன்.

பின்னால் நடந்தது உங்களுக்கே தெரியும். மேலாளர் அனுப்பிவிட, அவர் போன அணியில் முதல் பருவத்திலேயே பதின்மூன்று கோல் போட்டார். இங்கே வந்து நமக்கு எதிராக ஒரு கோல் போட்டுவிட்டு, கொண்டாடாமல் தலையைக் குனிந்து நடந்தார். நம் புதுப் பையன் மூன்று போட்டான். பாவம், அவன் மேல் தவறில்லை. வயசுக்கு மீறிய சட்டையை அவனுக்கு மாட்டிவிட்டவர்கள் நாம். அப்போதாவது புத்தி வந்ததா? அடுத்த வருடம் இந்தக் கோல்கீப்பரையும் அப்படித்தான் எழுந்து நின்று அனுப்பினோம். அவர் இன்று மேடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குத் தண்ணீர் ஊற்றித் தருகிறார்.

தோற்ற பிறகு என்ன செய்தோம்? நிர்வாகத்துக்கு நன்றி இல்லை என்று சுவரொட்டி அடித்தோம். அடித்தவன் நான். ஐந்நூறு சுவரொட்டியோடு மேலாளர் அறைக்கே போனேன். அவர் நோட்டைத் திறந்து காட்டினார். 'ஒன்பது. சத்தம் இல்லை' என்று எழுதியிருந்தது. "நீங்க சொன்னதத்தானே செஞ்சோம்" என்றார். அதன் பிறகும் நான் அந்தச் சுவரொட்டிகளை ஒட்டினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதுவரை சொன்னது நம் எல்லோருடைய குற்றம். இனிச் சொல்லப்போவது என் குற்றம் மட்டும்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் என் வண்டி டயர் பஞ்சராகி, கண்ணில் பட்ட கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கீழே உட்கார்ந்து டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். அவர்தான். ஆட்டத்தை விட்டுவிட்டு ஊர் திரும்பி, மச்சான் கடையில் வேலை பார்க்கிறார் என்று எனக்குத் தெரியாது. ஓடிவிடலாமா என்று இருந்தது. மெகாபோனைக் குழாய் என்றே சொல்லும் அவரோ, "குழாய்க்கார அண்ணனா? வாங்கண்ணே, உக்காருங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

பேச்சோடு பேச்சாக அந்த நாளைப் பற்றி அவரே எடுத்தார். "எல்லாரும் எந்திரிச்சு சும்மா நின்னீங்க பாருங்க, நான் செத்துப்போயிட்ட மாதிரி இருந்துச்சுண்ணே. என்னை முன்னாடி வச்சுக்கிட்டு எனக்கே அஞ்சலி செலுத்துற மாதிரி. அப்பத்தான் ஒருத்தர் தட்டினாரு. வெயில் கண்ணுல அடிச்சுது, முகம் தெரியல. அந்தத் தட்டு மட்டும் இல்லன்னா நான் அன்னிக்கே ஷூவக் கழட்டிப் போட்டிருப்பேன். உங்க குழாய்ப் பக்கத்துல இருந்துதான் வந்துச்சு. நீங்கதானே?"

நண்பர்களே, நான் தலையை ஆட்டினேன்.

வாய் திறந்து பொய் சொல்லவில்லை என்று ஐந்து வருடம் எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டியிருக்கிறேன். தலையாட்டல் பொய் இல்லையா? அவர் கிரீஸ் கையோடு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் நான் ஒரு ஆளானேன். இதோ அவர் மனைவி, இந்தத் தங்கை எனக்கு எத்தனை முறை சாப்பாடு போட்டிருக்கிறார். இந்தப் பெண் தன் தோழிகளிடம், "இந்த மாமாதான் எங்கப்பாவுக்குக் கை தட்டினவரு" என்று காட்டுவாள். நான் சிரித்துக்கொண்டு நிற்பேன்.

ஒருமுறை கரண்டும் நானும் சேர்ந்து அந்தக் கடைக்குப் போனோம். நிதானம் அண்ணன் அவரிடமே, "இவருதான் அன்னிக்குத் தட்டினாரு, தெரியுமா" என்றார். கரண்ட் என்னை ஒரு பார்வை பார்த்தார். "தெரியும்ணே. நான் பக்கத்துலதான் இருந்தேன்" என்றார். அவ்வளவுதான். திரும்பி வரும் வழியில் நான் வாயைத் திறப்பதற்குள், "அவருக்கு ஒருத்தர் தட்டினாரு. அது போதும். யாருன்னா என்ன" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

போன வாரம் தங்கை எனக்குப் போன் செய்தார். "அன்னிக்குத் தட்டினது நீங்க ஒருத்தர்தான். கூட்டத்துல நீங்கதான் முதல்ல பேசணும்ணா" என்றார். அந்த நிமிடம் சொல்லியிருக்க வேண்டும். சரிம்மா என்றேன்.

அதனால்தான் இன்று முதலில் நிற்கிறேன். தங்கையே, அந்தக் கை என் கை இல்லை. என் கை அன்று எல்லோரையும் அடக்கிய கை. உன் கணவரை மேலும் மூன்று வருடம் ஆட வைத்த கை அதோ கடைசி வரிசையில், ஓடாத மின்விசிறிக்குக் கீழே ஸ்க்ரூடிரைவரோடு நிற்கிறது. உன் கணவர் இருந்தவரை இதைச் சொல்லும் துணிச்சல் எனக்கு வரவில்லை. அவர் நன்றியைத் தவறான ஆளிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதை என்னால் திருப்பித் தர முடியாது. நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று இந்த மேடையில் கேட்பதும் தப்பு. இத்தனை பேர் முன்னால் கேட்டால் உன்னால் மறுக்க முடியாது.

சொந்தங்களே, நிதானம் அண்ணனின் பணியைத் தொடர்வோம் என்று சொல்வது எளிது. அவரைப் போல ஆட நம்மால் முடியாது. நம் வேலை தட்டுவது. அதையாவது ஒழுங்காகச் செய்வோம். இந்தப் பருவத்திலிருந்து கடைசி ஆட்டத்தில் வயதில் மூத்தவரின் எண்ணை முதலில் கூப்பிடுவது. போகிறவரோ இருக்கிறவரோ, நம் சட்டை போட்ட ஒருவரையும் நாம் மௌனமாக நின்று அனுப்பக் கூடாது. மேலாளர் அவர்களே, உங்கள் நோட்டு என்ன சொன்னாலும் எங்கள் சத்தத்தை இனி உங்களுக்கு விடையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முடிவு உங்களுடையது. கைதட்டல் அவர்களுடையது. அந்த எண்களைக் கூப்பிடப்போவது நான் இல்லை. பதினேழு வருடம் பிடித்த மெகாபோனை இன்றோடு கீழே வைக்கிறேன்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்து 'ஒரு நிமிட மௌன அஞ்சலி' என்று இருக்கிறது. அந்தத் தாளையும் நான்தான் அச்சடித்தேன். பழக்க தோஷம். அந்த ஒரு நிமிடத்தை நாம் ஒன்பது வருடம் முன்பே, அவர் உயிரோடு நின்று பார்க்கும்போதே செலுத்திவிட்டோம். இன்னொரு முறை வேண்டாம்.

இரங்கல் கூட்டத்தில் கை தட்டுவதா என்று சிலர் முகம் சுளிப்பீர்கள். சுளியுங்கள். அவருக்குக் கேட்காது, எனக்கும் தெரியும். இந்தப் பெண்ணுக்குக் கேட்கும். அன்று அவள் அப்பாவுக்கு எத்தனை பேர் தட்டியிருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியட்டும்.

கரண்ட் அவர்களே, மின்விசிறி கிடக்கட்டும். மேடைக்கு வாருங்கள். இந்த மெகாபோனை எடுங்கள். பேட்டரி நீங்கள் போட்டதுதான். எல்லோரும் எழுந்து நில்லுங்கள். மேலாளர் அவர்களே, நீங்களும்.

நான் கீழே இறங்கி உங்களோடு நிற்கிறேன். அவர் எண்ணைக் கூப்பிடுங்கள்.