ஆளில்லாத நாற்பது மணித்தியாலம்

— உள்ளுக்கு வாங்க சேர், ஏன் வாசல்லயே நிக்கிறீங்க? பன்னெண்டு வருசம் கழிச்சு வந்தவருக்கு இந்தப் பம்பு அறையில ஒரு கதிரை இல்லாமப் போயிருமா?

— கதிரை கிடக்கட்டும், யாகப்பர். இஞ்சின் ஏன் ஓடேல்லை?

— நேத்து நாலு மணிக்கு நிப்பாட்டிட்டாங்க. நாளைக்கு ஆத்துத் தண்ணி லைன்ல வருது. இந்தக் குழாய்க் கிணத்துக்கு இன்னிக்குச் சாயங்காலம் மூடி போட்டு சீமெந்து பூசுறாங்க. நீங்க ஒரு நாள் பிந்தியிருந்தா இதப் பாத்திருக்க மாட்டீங்க.

— தெரிஞ்சுதான் வந்தனான். கண்டியிலையிருந்து குண்டசாலைக்கு வாறதுக்குள்ளை ரெண்டு இடத்திலை பஸ்ஸாலை இறக்கிப்போட்டாங்கள். அடையாள அட்டையிலை சாவகச்சேரி எண்டு இருந்தால் காணும், சோதனைதான். சேட்டுப் பையைப் பாத்து, சப்பாத்தைப் பாத்து, கடைசியிலை குடையையும் விரிச்சுப் பாத்தவங்கள்.

— குடையவா? அட, இருங்க! இது நான் புடி போட்டுக் குடுத்த குடையில்ல?

— ஓம், அதேதான். மரப்பிடி உடைஞ்சுபோக, நீர் அரை இஞ்சுப் பைப்புத் துண்டொண்டை வளைச்சுப் பூட்டித் தந்தது. அதைக் கண்டுதான் அந்த ஆமிக்காரனுக்குச் சந்தேகம். துவக்குக் குழாய் எண்டு நினைச்சிட்டான்.

— அட பாவமே! நம்ம கைவேல உங்கள உள்ள தள்ளப் பாத்திருக்கே.

— சீலை மூண்டு தரம் மாத்தியாச்சு. பிடி மாத்தேல்லை. எண்பத்திமூண்டிலை கண்டி வீட்டிலை இருந்ததெல்லாம் எரிஞ்சுது; இது கையிலை இருந்தபடியால் தப்பினது.

— பாருங்களேன். இலங்கையிலயே பைப்புப் புடி வச்ச குடை இது ஒண்ணுதான் சேர். எங்க கண்டாலும் சொல்லிப்புடலாம்.

— ஆண்டவரே! நவரட்ணராஜா சேரா? வரப்போறதா ஒரு கடதாசி போடக் கூடாதா? இவரு வீட்டப் பாத்து “மேபல், தேத்தண்ணி”ன்னு கத்துறாரே, யாருக்குன்னு பாத்தேன்.

— சுகமோ, மேபல்? கடதாசி போட நேரமில்லை. செவ்வாய்க்கிழமை நானும் கமலாசனியும் கனடாவுக்குப் போறம், மகளிட்டை. அதுக்கு முதல் இஞ்சை ஒருக்கா வரவேணும் எண்டு வந்தனான்.

— இந்தாங்க, குடிங்க. கறுப்பா இருக்குன்னு பாக்காதீங்க. தேயிலையில இல்ல கோளாறு. இந்தக் கிணத்துத் தண்ணி அப்படித்தான், இரும்பு வாசம். நேத்தோட அதுவும் போச்சு. கடைசி வாளியில வச்ச தேத்தண்ணி உங்களுக்கு.

— வீட்டுக் கிணறு இருந்ததே?

— இருந்திச்சு. மொதல்ல இரத்தினம்மா அக்கா வீட்டுக் கிணறு வத்திச்சு, எம்பத்தாறுல. அப்புறம் ஹலீம் நானா கடைக் கிணறு. அப்புறம் எங்களுது. இந்த இஞ்சின் உறிஞ்ச உறிஞ்ச அக்கம்பக்கத்துல ஒவ்வொண்ணா அடி தெரிஞ்சிச்சு. தேத்தண்ணிக்கு மட்டும் இங்க ஒரு வாளி; மத்ததுக்கெல்லாம் நாலு வருசமா ஆத்துல இருந்துதான் தூக்குறேன், அர மைலு. அந்த ஆறு நம்மளச் சுத்தி வளைஞ்சு போவுது, பாத்திருப்பீங்க. கண்ணு முன்னால அவ்வளவு தண்ணிய வச்சுக்கிட்டு, பாறையத் தோண்டுனாப் போதும்னு எந்தப் புண்ணியவான் சொன்னானோ!

— மேபல், வாய மூடு.

— விடும், யாகப்பர். அந்தப் புண்ணியவான் நான்தான், மேபல்.

— ஐயோ, சேர்... நான் உங்கள நெனச்சுச் சொல்லல.

— நினைச்சுச் சொல்லியிருந்தாலும் பிழையில்லை. அதுக்காகத்தான் வந்தனான். எங்கடை நீர்வழங்கல் கந்தோருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறன். போற வழியிலை தபாலிலை போடப் போறன். முறைப்படி, அதிலை பெயர் வாற ஆளுக்கு முதல் வாசிச்சுக் காட்ட வேணும். இருந்து கேளும்.

— என் பேரு என்னாத்துக்கு சேர் அதுல?

— பொறும், ஒழுங்காய் வருவம். முதலாம் பந்தி. “மேற்படி குழாய்க்கிணற்றின் எழுபத்திரண்டு மணித்தியால இறைப்புப் பரிசோதனை, 1983ஆம் ஆண்டு ஜூலை மாதம் 25ஆம் திகதி திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு என் மேற்பார்வையில் ஆரம்பமாயிற்று. இயந்திரத்தை நிறுத்தாது இறைத்து, மணிக்கொரு தடவை நாடா விட்டு நீர்மட்டத்தை அளந்து பதிவதே பரிசோதனையின் முறை.” சரியோ?

— சரிதான். வெள்ளக்கட்டி தேச்ச நாடா. நனைஞ்ச எடத்தப் பாத்து நான் சொல்லுவேன், நீங்க எழுதுவீங்க.

— இரண்டாம் பந்தி. “மறுநாள் செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு, கண்டி நகரில் தமிழரின் கடைகள் எரிக்கப்படுவதாக அறிந்து, என் மனைவியைத் தேடி நான் அவ்விடத்தை விட்டு நீங்கினேன். அதுவரை முப்பத்திரண்டு வாசிப்புகள் எடுக்கப்பட்டிருந்தன. நீர்மட்டம் தரையிலிருந்து ஐம்பத்தெட்டு அடி ஆழத்தில் அசையாது நின்றது.”

— ஹலீம் நானா சைக்கிளக் குடுத்தாரு. அதுலதான் போனீங்க. அம்மாவக் கண்டுபுடிச்சீங்கதானே அன்னிக்கே?

— பின்னேரமே. பக்கத்து வீட்டுச் சிங்கள மிஸ் கோழிக் கூட்டுக்குள்ளை ஒளிச்சு வைச்சிருந்தவ. அண்டைக்கே பள்ளிக்கூடத்து முகாமுக்குப் போயிட்டம்.

— முகாம்ல எத்தன நாளு சேர் இருந்தீங்க?

— ஒன்பது நாள். பிறகு பஸ்ஸிலை யாழ்ப்பாணம். எல்லாத்திலும் அந்த வெள்ளிக்கிழமைதான் மோசம். கொழும்பிலை பிடிச்சுப் பிடிச்சு அடிக்கிறாங்கள், இஞ்சையும் பெயர் கேட்டு வரப்போறாங்கள் எண்டு கதை. அந்த நேரம் பாத்து முகாம் தொண்டர் ஒருத்தர் வந்து, கேற்றடியிலை ஆரோ என்ரை பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டு நிக்கிறாங்கள் எண்டார்.

— யாருன்னு கேட்டீங்களா?

— எங்கை கேட்டன்! நான் முதல் பஸ்ஸிலை போயிட்டன் எண்டு சொல்லிவிடுங்கோ எண்டிட்டு, கமலாசனிக்குப் பின்னாலை சாக்கை இழுத்துப் போர்த்துக்கொண்டு கிடந்தனான். வெக்கக்கேடு. என்ன, தேத்தண்ணியைக் கீழை வைச்சிட்டீர்?

— ஒண்ணுமில்ல. ஆறிப்போச்சு. மூணாவதப் படிங்க.

— மூன்றாம் பந்தி. இதுதான் விசயம். “அதன்பின் நான் திரும்பவில்லை. ஆவணி மாதத்தில் கந்தோர் முடிவைக் கேட்டெழுதியபோது, யாழ்ப்பாணத்தில் இருந்தவாறே, எஞ்சிய நாற்பது மணித்தியாலங்களுக்கும் அதே ஐம்பத்தெட்டு அடியை நானே இட்டு நிரப்பிக் கையொப்பமிட்டு அனுப்பினேன். அக்கையொப்பத்தை நம்பி மேலும் ஆறு குழாய்க்கிணறுகள் தோண்டப்பட்டன. அவ்வேளை ஆலோசனையில் இருந்த ஆற்றுநீர்த் திட்டம் அவசியமில்லை என்று ஒதுக்கப்பட்டது.”

— நீங்களே நெரப்பினீங்களா சேர்? கோடு போட்ட மாதிரி?

— கோடுதான் போட்டனான். அடிமட்டம் வைச்சு, நேராய். அது சரியாய் இருக்கும் எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டன். வேலை போயிடுமோ எண்டு பயம், திருப்பி இஞ்சை வரச் சொல்லுவாங்களோ எண்டு அதைவிடப் பயம். ஒரு வரி, “பரிசோதனை முடியவில்லை” எண்டு எழுதியிருந்தால் போதும். அந்த ஒரு வரியை எழுதக் கை வரேல்லை. இவ்வளவு நாளும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, கமலாசனிக்குக் கூட.

— சரி. அதுதானே முடிவு? கையெழுத்து வச்சுருங்க.

— இல்லை, நான்காம் பந்தி இருக்கு. அதிலைதான் நீர் வாறீர். “அந்நாற்பது மணித்தியாலமும் கிணற்றடியில் எவரும் இருக்கவில்லை. பம்பு இயக்குநர் திரு. யாகப்பர் உயிரச்சத்தால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இடத்தை விட்டு நீங்கியமை இயல்பே. அவரிற் குறை காணவேண்டாமெனப் பணிவுடன் வேண்டுகிறேன்.”

— அத வெட்டிருங்க சேர்.

— ஏன்? உம்மைக் காப்பாத்தத்தானே எழுதினனான்.

— காப்பாத்த வேணாம். மத்ததெல்லாம் இருக்கட்டும். நாலாவத மட்டும் வெட்டிருங்க.

— சேர், வர்ற திங்கக்கிழமை இவருக்கு ஆத்தடிப் புதுப் பம்புல வேல. தலைமை ஆளு. அந்த நேரம் பாத்து, இஞ்சினப் போட்டுட்டு ஓடுனவன்னு நீங்களே கையெழுத்து வச்ச கடதாசி போனா, அந்த எடத்த இவருக்குக் குடுப்பாங்களா?

— அது இல்ல மேபல். வேலைக்காகச் சொல்லல.

— உயிருக்குப் பயந்து ஓடினது குற்றமில்லையே, யாகப்பர். நானே ஓடினனான்.

— அவரு ஓடலீங்க!

— மேபல்...

— நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா? ஹேவாஹெட்டத் தோட்டத்துல அம்மா லய வீட்டுல புள்ளையப் பெத்துப்போட்டுப் படுத்திருந்தேன், சேர். பதினோராம் நாளு. ஆளு உசுரோட இருக்காரா செத்தாரான்னு ஒரு வாரமாத் தெரியாது. வீட்டுக்கு வந்து சேந்தப்ப மொதல்ல என்ன பண்ணுனாருன்னு கேளுங்க. புள்ளையத் தூக்கல. இடுப்புச் சாரத்து மடிப்புல இருந்து ஒரு கொப்பிய எடுத்து, நனைஞ்சிருச்சான்னு பாத்தாரு. இருங்க, பெட்டியில இருந்து கொண்டாறேன்.

— என்ன கொப்பி?

— நீங்க எழுதுற தாளு உங்க பையோட போயிருச்சு. அறையில கடைக் கணக்குக் கொப்பி ஒண்ணு கெடந்திச்சு, அதுல எழுதினேன். முப்பத்திமூணாவதுல இருந்து.

— நீர் இஞ்சையே நிண்டனீரோ?

— நீங்கதானே சொல்லிட்டுப் போனீங்க? “நான் வருமட்டும் நாடாவை விடாதையும்”னு.

— நான் அப்பிடிச் சொன்னனானோ?

— சைக்கிள்ல ஏறிக்கிட்டே சொன்னீங்க.

— எனக்கு ஞாபகமே இல்லை, யாகப்பர்.

— எனக்கு இருக்கு. ராத்திரி வெளக்கு வைக்க ஏலாது. நாடாவ இழுத்து, ஈரம் எங்க முடியுதுன்னு வெரலால தடவிப் பாத்து, சாரத்துக்குள்ள தலைய விட்டு நெருப்புக்குச்சி கிழிச்சு நம்பரப் படிப்பேன். ஆனா இஞ்சின் சத்தத்த எங்க ஒளிக்கிறது? புதன்கெழம காலையில ஒரு கூட்டம் வந்திச்சு. ஹலீம் நானா ரோட்டுல நின்னு, அது அரசாங்க இஞ்சின், உள்ள பெரிய சிங்கள மாத்தயா ஒருத்தரு தூங்குறாருன்னு சிங்களத்துல சத்தம் போட்டாரு. நான் அந்த டீசல் பீப்பாவுக்குப் பின்னால குந்தி இருந்தேன். மணியப் பாத்தா பத்து. அளக்கணும். அவனுக போக எட்டு நிமிசம் பிந்திப்போச்சு. அதையும் எழுதியிருக்கேன்.

— இந்தாங்க சேர், கொப்பி. பூச்சி கொஞ்சம் அரிச்சிருக்கு. எழுத்துத் தெரியுது.

— தாரும். முப்பத்திமூண்டு, ஐம்பத்தெட்டு. முப்பத்திநாலு, ஐம்பத்தெட்டு... நாப்பது, ஐம்பத்தெட்டரை. நாப்பத்தொண்டு, அறுபத்திமூண்டு. நாப்பத்திநாலு, எழுபத்தொண்டு. கடவுளே. அறுபதாம் மணியிலை தொண்ணூற்றாறு. எழுபத்திரண்டு...

— நூத்திப் பதினெட்டு. கடைசி ரெண்டு மணித்தியாலம் பம்பு காத்தத்தான் உறிஞ்சிச்சு. வியாழக்கெழம காலையில ஆறு மணிக்கு நிப்பாட்டினேன், முறைப்படி.

— உமக்கு விளங்குதோ இது என்னெண்டு? பாறை வெடிப்பிலை தேங்கி நிண்ட தண்ணி நாப்பத்தோராம் மணியோடை முடிஞ்சுபோச்சு. அதுக்குக் கீழை ஊத்து இல்லை; அக்கம்பக்கத்துக் கிணத்துத் தண்ணியை இழுத்துத்தான் இவ்வளவு நாளும் ஓடியிருக்கு. இந்தத் தாளைப் பாத்திருந்தால் ஒரு கிணறும் வெட்டியிருக்க மாட்டாங்கள். அந்த வருசமே ஆத்துக்குப் போயிருப்பாங்கள்.

— வெளங்கிச்சு சேர். அளக்குறப்பவே வெளங்கிச்சு. நான் பெருசாப் படிக்கல, ஆனா நாடா நீளுறது தெரியும்.

— பின்னை ஏன் கந்தோரிலை குடுக்கேல்லை?

— குடுக்கத்தான் போனேன், புரட்டாசியில. உங்க தாளு வந்திருச்சு, எல்லாம் சரியா இருக்குன்னு புதுத் தொரை எடுத்துக் காட்டினாரு. எழுவத்திரெண்டு வரியும் இருந்திச்சு, கீழ உங்க கையெழுத்து. கொப்பி என் மடியில. நான் எடுத்துக் காட்டுனா நீங்க பொய்யி எழுதினீங்கன்னு ஆயிரும். யாழ்ப்பாணத்துல எல்லாத்தையும் எழந்துட்டு உக்காந்திருக்கிற மனுசனுக்கு நானும் சேந்து குழி வெட்டுறதான்னு திரும்பி வந்துட்டேன். அன்னிக்கு அது நல்லதாத் தெரிஞ்சிச்சு. இரத்தினம்மா அக்கா கிணத்துல வாளி தரையில தட்டுன சத்தம் கேட்டப்பத்தான்... அந்தச் சத்தம் எனக்குத்தான் கேட்டிச்சுன்னு வைங்களேன். கொப்பிய அடுப்புல போடப் போனேன். இவ புடுங்கி வச்சா.

— போடுவாராம்! என் புள்ளையவிட அதத்தானே மொதல்ல பாத்தாரு. சும்மா எரிக்க விட்டுருவேனா?

— சரி. மேபல், அந்த மேசையைக் கொஞ்சம் துடைச்சு விடும். நான்காம் பந்தியை வெட்டுறன். புதிசாய் எழுதுறன், கேளும். “அந்நாற்பது மணித்தியாலமும் பம்பு இயக்குநர் திரு. யாகப்பர் தன் உயிருக்கு ஆபத்து நேரக்கூடிய நிலையிலும் இயந்திரத்தை நிறுத்தாது, ஒரு வாசிப்பேனும் தவறவிடாது பதிந்துள்ளார். உண்மையான வாசிப்பு அவருடையதே. அவரது கொப்பி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.” சரியோ?

— ஒரு வாசிப்பு எட்டு நிமிசம் பிந்தினது.

— அதையும் எழுதுறன். இனி ஐந்தாம் பந்தி. அவங்கள் கட்டாயம் கேப்பாங்கள், கொப்பி வியாழக்கிழமையே முடிஞ்சிருக்க, ஏன் பொறுப்பான உத்தியோகத்தரின்ரை கைக்கு வரேல்லை எண்டு. காரணம் இல்லாமல் விட்டால் பிழை உம்மிலை வந்து நிக்கும். ஏன் என்னட்டைக் கொண்டு வரேல்லை, யாகப்பர்?

— அது வேணாம் சேர். நாலோட நிப்பாட்டிருங்க.

— ஒருக்கா ஒரு வரியை எழுதாமல் விட்டுத்தான் இவ்வளவும் நடந்தது. நீர் சொல்லுறதை அப்பிடியே எழுதுறன். என்ன காரணமெண்டாலும் பரவாயில்லை. பயமோ?

— சேர் கேக்குறாருல்ல. சொல்லுங்க. எங்கிட்டயும் இதச் சொன்னதில்ல நீங்க.

— கொண்டாந்தேன் சேர். வெள்ளிக்கெழம, ஹலீம் நானா வேன்ல, மரக்கறிக் கூடைக்கு அடியில படுத்துக்கிட்டு. முகாம் கேட்டுல நின்னு உங்க பேரச் சொன்னேன். நீங்க மொத பஸ்ல போயிட்டதா அந்த ஆளு வந்து சொன்னாரு. சரி, நல்லபடியாப் போய்ச் சேரட்டும்னு திரும்புறேன்... உள்ள சன்னல் கம்பியில அந்தப் பைப்புப் புடிக் குடை தொங்கிக்கிட்டு இருந்திச்சு.